பால் பல்

சென்ற மாதம் என் சின்னப் பெண்ணுக்கு முன்பல் விழுந்தது. இரண்டு நாளாக நாக்கால் அதை ஆட்டிக்கொண்டே இருந்தவள், மூன்றாம் நாள் காலையில் இட்லியைக் கடித்தாள்; பல் இட்லியோடு வந்துவிட்டது. அழவில்லை. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வீட்டில் எல்லோருக்கும் காட்டிவிட்டு, கடைசியில் என் தாயாரிடம் போய் நின்றாள்.

"சாணியிலே பொத்திக் கூரைமேலே போடணும்டி கண்ணு. அப்பத்தான் புதுப் பல்லு வரிசையா முளைக்கும்" என்றார் என் தாயார்.

சாணிக்கு எங்கே போவது? கூரைக்குத்தான் எங்கே போவது? நாங்கள் குடியிருப்பது நாலு அடுக்குக் கட்டடத்தில் இரண்டாவது மாடி. எங்கள் தலைக்கு மேலே இன்னொருவர் குடித்தனம். யோசித்துப் பார்த்துவிட்டு, அந்தப் பல்லை ஒரு காலித் தீப்பெட்டியில் போட்டு என் மேஜை இழுப்பறையில் வைத்தேன்.

அன்று எழுத உட்கார்ந்த கதை நகரவில்லை. மனசு இழுப்பறையையே சுற்றிக்கொண்டிருந்தது. எப்போதோ படித்த ஒரு சரித்திரம் நினைவுக்கு வந்தது. மூன்று லட்சம் பால் பற்களின் சரித்திரம் அது. பள்ளிக்கூடத்துச் சரித்திரப் புத்தகத்தில் அதற்கு இடம் கிடையாது. ஆகவே இங்கே சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது உலக மகா யுத்தம் 1945-ல் முடிந்தது. அணுகுண்டு வெடிப்பது மட்டும் முடியவில்லை. யுத்தத்தில் ஊர்கள்மீது விழுந்தவை இரண்டு. யுத்தம் ஓய்ந்த பிறகு 'பரீட்சை' என்ற பெயரில் நூற்றுக்கணக்கில் வெடித்தார்கள். அமெரிக்கா பஸிபிக் தீவுகளில் வெடித்தது; 1951-லிருந்து சொந்த நாட்டு நெவாடா பாலைவனத்திலும் வெடித்தது. ரஷ்யா கஜாக்ஸ்தான் புல்வெளியிலும், பிரிட்டன் ஆஸ்திரேலியாவிலும் வெடித்தன. 1954 மார்ச் 1-ஆம் தேதி பிகினியில் வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல், தொலைவில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு ஜப்பானியப் படகின்மீது பொழிந்தது. படகில் இருந்தவர்கள் 23 பேர். ஒருவர் ஏழு மாதம் முடிவதற்குள் இறந்துபோனார். அந்த ஏப்ரலில் நேரு நம் பார்லிமெண்டில், பரீட்சைகளையாவது நிறுத்திவையுங்கள் என்று கேட்டார். வல்லரசுகள் அப்போது காது கொடுக்கவில்லை.

எங்கோ பாலைவனத்தில் வெடித்தால் நமக்கென்ன என்றுதான் ஜனங்கள் முதலில் நினைத்தார்கள். இந்த இடத்தில் கொஞ்சம் ரசாயனம் பேச வேண்டியிருக்கிறது; வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் கல்லூரியில் இருந்த சொற்ப காலத்தில் ரசாயனம் படித்தேன். படித்ததில் பெரும்பகுதி போய்விட்டது. சுவரில் தொங்கிய மூலகங்களின் அட்டவணை மட்டும் கண்ணில் நிற்கிறது. அதில் கால்ஷியத்துக்கு நேர் கீழ்க் கட்டத்தில் ஸ்ட்ரான்ஷியம் இருக்கும். ஒரே பத்தியில் இருக்கும் மூலகங்கள் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி, குணம் ஒத்துப்போகும்.

அணுகுண்டு வெடிக்கும்போது ஸ்ட்ரான்ஷியம்-90 என்ற கதிரியக்கப் பொருள் உண்டாகிறது. அது புகையோடு மேலே போய், காற்றோடு தேசம் கடந்து, மழையோடு புல்லில் இறங்குகிறது. புல்லைப் பசு மேய்கிறது. பசுவின் பாலைக் குழந்தை குடிக்கிறது. குழந்தையின் உடம்புக்குக் கால்ஷியம் எது, அதன் தம்பி எது என்று சரியாகப் பிரித்துப் பார்க்கத் தெரிவதில்லை. இரண்டையும் வைத்து எலும்பையும் பல்லையும் கட்டிவிடுகிறது. அப்படிக் குடியேறிய ஸ்ட்ரான்ஷியத்தின் வீரியம் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 29 வருஷம் வேண்டும்.

மிஸிஸிபி நதிக்கரையில் ஸெயின்ட் லூயிஸ் என்று ஒரு பெரிய ஊர். நெவாடாவிலிருந்து ஆயிரம் மைலுக்கு மேல் தள்ளி இருக்கிறது. 1950-களின் கடைசியில் அமெரிக்க சர்க்கார் சில நகரங்களின் பாலைப் பரிசோதித்தபோது, ஸ்ட்ரான்ஷியம் அதிகம் காணப்பட்ட ஊர்களில் அதுவும் ஒன்றாக இருந்தது. பயப்படும்படியான அளவு இல்லை என்றார்கள் அதிகாரிகள். காலையில் பால் புட்டியைக் கையில் எடுக்கும் ஒரு தாய்க்கு அந்தச் சமாதானம் போதுமா?

1958-ல் அந்த ஊரில் ஒரு குழு கூடியது. வாஷிங்டன் சர்வகலாசாலை விஞ்ஞானிகள் சிலர், டாக்டர்கள், பாதிரிமார்கள், குடும்பப் பெண்கள். தாவர சாஸ்திரம் அறிந்த பாரி காமனர் அவர்களில் முக்கியமானவர். அணுசக்தியைப் பற்றிய உண்மைகளை ஜனங்களுக்குச் சொல்வது குழுவின் வேலை. குண்டு வேண்டுமா வேண்டாமா என்று குழு தீர்ப்புச் சொல்வதில்லை. விவரத்தைக் கொடுத்தால் முடிவை ஜனங்களே செய்துகொள்வார்கள் என்பது அவர்களுடைய நம்பிக்கை.

அதே வருஷம் ஆகஸ்டில் ஹெர்மன் கால்கார் என்ற விஞ்ஞானி 'நேச்சர்' பத்திரிகையில் ஒரு யோசனை எழுதினார். குழந்தைகளின் பால் பற்களைச் சேகரித்துச் சோதித்தால் என்ன? பால் பல் உருவாவது, குழந்தை தாய் வயிற்றில் இருக்கும்போதும் பிறந்த முதல் வருஷத்திலுமாகத்தான். ஆகவே 1959-ல் விழும் ஒரு பல், 1952-ல் தாயும் சேயும் எதைச் சாப்பிட்டார்கள் என்பதைச் சொல்லும். எழுதத் தெரியாத குழந்தை தன் வாயில் எழுதி வைத்திருக்கும் டயரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். அந்த டிசம்பரில் ஸெயின்ட் லூயிஸ் குழு, பற்கள் தேவை என்று ஊருக்கு அறிவித்தது.

இதற்கு இன்னொரு பக்கம் உண்டு. எலும்பில் ஸ்ட்ரான்ஷியம் ஏறுகிறதா என்று அறிய அமெரிக்க அணுசக்திக் கமிஷனும் 1953-லிருந்தே முயன்றுகொண்டிருந்தது. 'சூரிய ஒளி' என்று அதற்கு அழகான பெயர். செய்த காரியம் அவ்வளவு அழகானதில்லை. இறந்துபோனவர்களின் எலும்புகளை, முக்கியமாகக் குழந்தைகளின் எலும்புகளை, பல தேசங்களிலிருந்து ரகசியமாகத் தருவித்தார்கள். பெற்றவர்களில் பலரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1990-களில் பழைய காகிதங்கள் வெளிவந்தபோதுதான் இது முழுவதும் தெரிந்தது. தெரிந்துகொள்ள விரும்பியது இருவரும் ஒன்றைத்தான். ஒருவர் பிணவறைக்குப் போனார். மற்றவர் பள்ளிக்கூட வாசலில் நின்று, தானாக விழுந்த பல்லைக் கேட்டு வாங்கினார். இந்த இரண்டு வழிகளுக்கும் நடுவில் இருக்கும் தூரம் எனக்கு நெவாடாவை விடப் பெரிதாகத் தோன்றுகிறது.

சேகரிப்பை நடத்தியவர் லூயிஸ் ரைஸ் என்ற டாக்டர் அம்மாள். 1959-லிருந்து 1961 வரை அவர் அதன் தலைவியாக இருந்தார். பள்ளிக்கூடங்கள், வாசகசாலைகள், மாதா கோவில்கள், பல் வைத்தியர்களின் அறைகள் எங்கும் அச்சடித்த படிவங்கள் போயின. குழந்தை பிறந்த தேதி என்ன? கர்ப்பமாக இருந்தபோது தாய் எந்த ஊரில் இருந்தாள்? தாய்ப் பால் எத்தனை மாதம், புட்டிப் பால் எத்தனை மாதம்? இவற்றைப் பூர்த்தி செய்து பல்லோடு அனுப்ப வேண்டும். தபாலில் வந்த உறைகளைப் பிரித்து, பல்லைப் பார்த்து ரகம் பிரித்து, அட்டையில் குறித்து வைத்தவர்கள் பெரும்பாலும் சம்பளமில்லாமல் வந்த பெண்கள். வீட்டு வேலையை முடித்துவிட்டு, மத்தியானம் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பிறத்தியார் குழந்தைகளின் பற்களை எண்ணினார்கள்.

பல்லைக் கொடுத்த குழந்தைக்கு ஒரு வட்ட வில்லை கிடைக்கும். விஞ்ஞானத்துக்கு என் பல்லைக் கொடுத்தேன் என்ற வாசகமும், பொக்கை வாய்ப் பையன் படமும் அதில் இருக்கும். அந்த ஊர்க் குழந்தைகளுக்கு இது சாதாரணத் தியாகமில்லை. விழுந்த பல்லைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தால், இரவில் ஒரு தேவதை வந்து பல்லை எடுத்துக்கொண்டு காசு வைத்துவிட்டுப் போகும் என்பது அவர்கள் வழக்கம். ஒரு குழந்தை தேவதைக்குக் கடிதமே எழுதிவிட்டதாம்: காசை மட்டும் வை, பல்லை எடுக்காதே, அது விஞ்ஞானத்துக்குப் போக வேண்டும் என்று. நம் கூரையும் சாணியும் அவர்களுக்குக் கிடையாது. ஆனால் விழுந்த பல்லைச் சும்மா எறியக் கூடாது என்ற எண்ணம் மனித ஜாதிக்கே பொதுவாக இருக்கிறது.

ஒரு தனிப் பல்லில் இருக்கும் ஸ்ட்ரான்ஷியம் மிக அற்பம், கருவியில் பிடிபடாது. ஒரே காலத்தில் பிறந்த பல குழந்தைகளின் பற்களை ஒன்றாகச் சேர்த்துப் பொடி செய்த பிறகுதான் கணக்குக் கிடைக்கும். ஆகவே எந்தத் தாய்க்கும், 'உங்கள் குழந்தைக்கு இவ்வளவு' என்று பதில் வராது. தன் குழந்தையைப் பற்றித் தெரிந்துகொள்ள முடியாது என்று தெரிந்தே அனுப்பினார்கள்.

1961 நவம்பர் 24-ஆம் தேதி 'ஸயன்ஸ்' பத்திரிகையில் ரைஸ் அம்மாளின் முதல் கணக்கு வந்தது. 1950-களில் பிறந்த குழந்தைகளின் பற்களில் ஸ்ட்ரான்ஷியம் ஏறிக்கொண்டே போயிருந்தது. பின்னால் பிறந்தவர்களுக்கு அதிகம். வசைமொழி ஒன்றும் இல்லாத கட்டுரை. இதனால் இன்ன வியாதி வந்தது என்று அது சொல்லவில்லை. சொல்ல அப்போது ஆதாரமும் இல்லை. உங்கள் வெடிமருந்து எங்கள் குழந்தையின் வாய்க்குள் இருக்கிறது என்பதை மட்டும் எண்களாகக் காட்டியது. எண்ணிய கைகள் நாணயமான கைகள் என்பதால் மறுக்க முடியவில்லை.

அதற்குச் சில வாரங்கள் முன்புதான், அக்டோபர் 30-ஆம் தேதி, ரஷ்யா அதுவரை உலகம் காணாத 50 மெகாடன் குண்டை வெடித்திருந்தது. நவம்பர் 1-ஆம் தேதி அமெரிக்க நகரங்கள் பலவற்றில் ஆயிரக்கணக்கான பெண்கள் அடுப்பங்கரையை விட்டுத் தெருவுக்கு வந்து, பரீட்சையை நிறுத்து என்றார்கள். லைனஸ் பாலிங் 1958-லேயே உலக விஞ்ஞானிகள் பல்லாயிரம் பேரின் கையெழுத்தைத் திரட்டி ஐக்கிய நாடுகள் சபைக்குக் கொடுத்திருந்தார். நம் ராஜாஜியும் இந்தக் காரியமாக 1962 செப்டம்பரில், 83 வயதில், காந்தி சமாதான ஸ்தாபனத்தின் தூதுக் குழுவோடு அமெரிக்காவுக்குப் போய் ஜனாதிபதி கென்னடியைப் பார்த்தார். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அதைச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். அந்த வயதில் அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்பார்கள். சொல்லும்போதே பெருமை முகத்தில் தெரியும்.

ரைஸ் அம்மாளின் வீட்டில் ஒரு நாள் டெலிபோன் மணி அடித்தது. சிறு பையனாக இருந்த மகன் எடுத்தான். ஜான் கென்னடி பேசுகிறேன், அம்மா இருக்கிறாரா என்று கேட்டதாம் குரல். 2011-ல் அந்த அம்மாள் காலமானபோது மகன் இதைச் சொன்னார். 1963 ஜூலை 26-ஆம் தேதி கென்னடி டெலிவிஷனில் பேசுகையில் குழந்தைகளின் எலும்பையும் ரத்தத்தையும் குறிப்பிட்டார். ஆகஸ்ட் 5-ஆம் தேதி மாஸ்கோவில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஆகாயத்திலும், கடலுக்கு அடியிலும், வான வெளியிலும் பரீட்சை இனி இல்லை. அக்டோபர் 10-ஆம் தேதி அது அமுலுக்கு வந்தது.

பற்கள்தாம் குண்டை நிறுத்தின என்று எழுத என் கை துடிக்கிறது. கதையாக இருந்தால் எழுதிவிடுவேன். சரித்திரத்தில் அப்படி எழுதக் கூடாது. 1962-ல் கியூபா விவகாரத்தில் உலகமே அழிவின் விளிம்பு வரை போய் வந்தது. அந்தப் பயமும் ஒரு காரணம். தவிர, ஒப்பந்தம் பூமிக்கு அடியில் வெடிப்பதைத் தடுக்கவில்லை. அந்த இருவரும் பூமிக்கடியில் வெகு காலம் வெடித்தார்கள். கையெழுத்துப் போடாத பிரான்ஸ் 1974 வரையிலும், சீனா 1980 வரையிலும் ஆகாயத்திலேயே வெடித்தன. குண்டு சாகவில்லை. ஆனால் ஸெயின்ட் லூயிஸில் பிறகு பிறந்த குழந்தைகளின் பற்களில் ஸ்ட்ரான்ஷியம் குறைந்தது. அதையும் அந்தப் பெண்களே எண்ணிச் சொன்னார்கள். 1970-ல் வேலை நின்றபோது மூன்று லட்சத்துக்கு மேல் பற்கள் சேர்ந்திருந்தன.

கதை அதோடு முடியவில்லை. 2001-ல் சர்வகலாசாலைக்குச் சொந்தமான ஒரு காட்டுப் பகுதியில், யுத்த காலத்தில் வெடிமருந்து வைப்பதற்காகக் கட்டிய ஒரு கிடங்கைத் திறந்தார்கள். உள்ளே, சோதனைக்குப் போகாமல் மிஞ்சிய சுமார் 85,000 பற்கள், சின்னச் சின்ன உறைகளில், அட்டைகளோடு இருந்தன. கொடுத்த குழந்தைகளுக்கு இன்று அறுபதுக்கும் எழுபதுக்கும் மேல் வயது. ஹார்வர்ட் விஞ்ஞானிகள் அவர்களைத் தேடிப் பிடித்து, முதுமையில் உடம்பும் ஞாபகமும் எப்படி இருக்கின்றன என்று கேட்டு ஆராய்ச்சி செய்யத் தொடங்கினார்கள்.

இதையெல்லாம் என் பெண்ணுக்குப் புரிகிற அளவில் சொன்னேன். பல் போன இடத்தில் நாக்கை விட்டுக்கொண்டு கேட்டாள். குண்டைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை.

"அந்தப் பசங்க பேரெல்லாம் எழுதி வச்சிருந்தாங்களா?"

"எழுதி வச்சிருந்தாங்க. ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு அட்டை."

ஓடிப் போய் இழுப்பறையைத் திறந்தாள். தீப்பெட்டியின்மேல் கோணல் எழுத்தில் தன் பெயரை எழுதினாள். பிறந்த தேதியையும் எழுத வேண்டும் என்று நான் சொல்ல, அதையும் எழுதினாள்.