மேளம் ஓய்ந்த வீதி

திருவண்ணாமலையில் ஆண்டுக்கு ஒரு நாள் மேளம் ஓய்ந்துபோகும். தைப்பூசத்தன்று அண்ணாமலையார் ஈசான்ய குளத்துக்கு எழுந்தருளித் தீர்த்தவாரி கண்டு திரும்புகையில், வல்லாள மகாராசன் போர்க்களத்தில் மாண்டான் என்னும் செய்தி அறிவிக்கப்படும். அதன்பின் நாகசுரம் இல்லை, தவில் இல்லை. போகும்போது ஊரையே எழுப்பிக்கொண்டு போன உற்சவம், ஊமையாய்க் கோயிலுக்குத் திரும்பும். அடுத்து வரும் மாசி மகத்தில், பிள்ளையில்லா அம்மன்னனுக்குப் பிள்ளையாய் நின்று இறைவனே பள்ளிகொண்டாப்பட்டில் திதி கொடுப்பதாக ஐதிகம்.

இச்சடங்கைப் பற்றி நம் இதழில் எழுதுவானேன் என்று வாசகர் வினவலாம். அம்மன்னனைக் கொன்றது மதுரைச் சுல்தானின் படை. போசள வேந்தன் மூன்றாம் வல்லாளன் திருவண்ணாமலையைத் தலைநகராய்க் கொண்டிருந்தவன்; 1342-43 வாக்கில் மதுரைச் சுல்தான் கியாசுத்தீன் தாமகானியோடு நிகழ்ந்த போரில் பிடிபட்டு மாண்டான். சிறிது காலத்திற்குள் இவ்வழியே வந்த பயணி இப்னு பதூதா இதனைத் தம் பயண நூலில் எழுதி வைத்துள்ளார். எண்பது வயதைக் கடந்த அம்மன்னனின் தோலில் வைக்கோலைத் திணித்து மதுரை மதிலில் தொங்கவிட்டிருந்ததைத் தாமே கண்டதாகவும் அவர் கூறுகிறார். அவரும் சுல்தானும் சகலர்கள். இருவரும் மணந்தது ஜலாலுத்தீன் அஹ்ஸனின் புதல்வியரை. உறவு முறை பார்த்து அவர் உண்மையை ஒளித்தாரில்லை. சுல்தானின் கொடுமைகளை வெறுப்போடு பதிவு செய்தார். அந்நேர்மையை நாமும் கைக்கொள்வது நன்று.

ஏறத்தாழ எழுநூறு ஆண்டுக்கால வடு அது. அதனை நினைவுகூர இவ்வூர் தேர்ந்துகொண்ட வழி, எவர் வாசலிலும் முரசறைவதன்று. தன் மேளத்தைத் தானே நிறுத்திக்கொள்வது. எந்த மாஜிஸ்திரேட்டும் ஆணையிடவில்லை. எந்த ஜமாஅத்தும் மனுக் கொடுக்கவில்லை. ஓசையை அடக்குவது தோல்விக்கு அடையாளம் என்று எல்லாத் தரப்பாரும் எண்ணத் தலைப்பட்டுவிட்ட இந்நாளில், இதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு.

ஓசைக்கும் அமைதிக்கும் இவ்வூரில் பழைய உறவு. 1896 செப்டம்பர் முதல் நாள், திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன் என்னும் பதினாறு வயதுச் சிறுவன் தன்னந்தனியாய் இங்கு வந்து இறங்கினான். பின்னாளில் உலகம் ரமண மகரிஷி என்று அறிந்தது அவரைத்தான். ஆயிரங்கால் மண்டபத்தில் பேசாது அமர்ந்த அவரை ஊர்ப் பிள்ளைகள் சும்மா விடவில்லை. கல்லெறிந்தார்கள், கூச்சலிட்டார்கள். அத்தொல்லைக்கு ஒதுங்கி மண்டபத்துக்கு அடியில் இருந்த இருண்ட பாதாள லிங்கக் குகைக்குள் அவர் இறங்கினார். புழுபூச்சிகள் அரித்த உடம்போடு அவரை வெளியே தூக்கி வந்ததாக வரலாறு கூறுகிறது. மௌனத்தைத் தேடி வந்தவருக்குக் கோயிலுக்குள்ளேயே அது கிட்டவில்லை. நிலத்துக்கு அடியில் போய்த் தேட வேண்டியிருந்தது. இன்று அவர் வாழ்ந்த மௌனத்தை நாடி வேற்று நாட்டாரெல்லாம் வருகின்றனர். பௌர்ணமி இரவுகளில் இலட்சக்கணக்கானோர் பதினான்கு கிலோமீட்டர் மலையைச் சுற்றி நடக்கின்றனர். ஓசையின்றி நடக்க வேண்டும் என்பது பெரியோர் வகுத்த முறை. வழிநெடுகக் கடைக்காரர்களின் ஒலிபெருக்கிகளும், மக்களைப் பிளந்துகொண்டு போகும் வண்டிகளின் ஹாரனும் அம்முறையை அறியமாட்டா.

இனி, வீதி யாருடையது என்னும் வினாவுக்கு வருவோம். ஆங்கிலேயர் ஆட்சியில் ஊர்வலங்கள் நீதிமன்றப் படியேறின. 1882இல் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவான நெறியொன்றை வகுத்தது. எச்சமயத்தவராயினும் பொதுவீதியில் ஊர்வலம் செல்லலாம். ஆனால் பிறர் அவ்வீதியை வழக்கம்போல் பயன்படுத்துவதற்கு இடையூறு கூடாது. நெரிசலையும் கலகத்தையும் தவிர்க்க மாஜிஸ்திரேட் சட்டப்படி இடும் கட்டளைக்கு அடங்க வேண்டும். இவ்வழக்கின் வாதி ஓர் அய்யங்கார். பிரதிவாதியும் ஓர் அய்யங்கார். ஊர்வலப் பூசல் என்றாலே இரு சமயங்களின் பூசல் என்று கொள்வோர் இதனைக் கவனிக்க வேண்டும்.

அதே 1882ஆம் ஆண்டில் சேலத்தில் நிகழ்ந்ததோ வேறு கதை. பள்ளிவாசல் ஒன்றின் வழியே மேளத்தோடு ஊர்வலம் செல்வது பற்றிய பிணக்கு மூண்டு பெருங்கலவரமாயிற்று. பள்ளி இடிக்கப்பட்டது, உயிர்கள் பலியாயின. நகரசபை உறுப்பினராயிருந்த சி. விஜயராகவாச்சாரியார் கலகத்தைத் தூண்டியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டுத் தண்டனை பெற்று, மேல்முறையீட்டில் விடுதலையானார். பின்னர் 1920இல் நாகபுரிக் காங்கிரசுக்குத் தலைமை தாங்கியவர் இவரே. 1883இல் உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு இத்தகைய பிணக்கினை ஆராய்ந்து, வீதியோரத்துப் பள்ளியிலோ கோயிலிலோ இடையறாது வழிபாடு நடக்கிறது என்னும் காரணம் காட்டி, ஊர்வலத்தார் தம் வழிபாட்டை அவ்விடத்தில் நிறுத்த வேண்டுமென வற்புறுத்த இயலாது என்றது. நம்மில் பலர் கேட்க விரும்பாத தீர்ப்பு இது. ஆயினும் சட்டம் அதுதான்.

இலண்டன் பிரிவி கவுன்சில் 1924இல் இந்நெறியை நாடு முழுமைக்கும் உறுதி செய்தது. பள்ளிவாசல் முன் மேளம் பற்றிய வாதங்களில் எல்லாம் இன்றளவும் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு அது. அவ்வழக்கில் எதிரெதிர் நின்றவர் யாவர்? ஐக்கிய மாகாணத்து அவுரங்காபாத்தைச் சேர்ந்த ஷியாக்களும் சுன்னிகளும். முஹர்ரம் ஊர்வலத்தில் ஷியாக்கள் சுன்னிகளின் பள்ளிக்கருகே நின்று மார்பில் அறைந்து புலம்பும் ஓசை தொழுகைக்கு இடையூறு என்பதே புகார். ஊர்வலத்துக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பாயிற்று. மேளத்தைப் பற்றிய சட்டம், மேளமே இல்லாத வழக்கொன்றில், இரு முஸ்லிம் பிரிவினரிடையே நிலைநாட்டப்பட்டது! இச்செய்தியை மேடைகளில் எவரும் சொல்லக் கேட்டதில்லை.

இத்தீர்ப்புகளை வரிசையாகப் படித்தால் ஒன்று புலனாகும். வீதியில் நடக்க யாருக்கு உரிமை என்று நீதிபதிகள் வரையறுத்தார்கள். எவ்வளவு ஓசை எழுப்பலாம் என்பதற்கு அவர்கள் கையில் அளவுகோல் இல்லை. அதற்குத் தேவையும் அன்று பெரிதாய் எழவில்லை. மோதினாரின் நெஞ்சுக்கூட்டுக்கும் தவில்காரரின் கைக்கும் இறைவனே எல்லை வைத்திருந்தான். நம் தமிழகப் பள்ளிகள் பலவற்றில் தொழுகை வேளையை அறிவிக்க நகரா கொட்டினார்கள்; அதன் பின்னே மோதினார் மினாராவில் ஏறிப் பாங்கு சொன்னார். இரண்டு தெருவுக்குக் கேட்டது. மூன்றாம் தெருவுக்குக் காற்று வாக்கில் கேட்டது. மிக உயர்ந்த குரலும் களைத்துப் போகும்.

ஒலிபெருக்கி களைப்பதில்லை. 1930களிலேயே சிங்கப்பூர் சுல்தான் பள்ளிவாசலில் அது ஏறிவிட்டது; பின்னர் நம் ஊர்களுக்கும் வந்தது. வந்தபோது உலமாக்களிடையே பெரும் விவாதம் நடந்தது. மௌலானா அஷ்ரஃப் அலி தானவி போன்ற பெரியோர் தொழுகையில் அதனைப் பயன்படுத்தத் தயங்கினார்கள். கருவி வழி வருவது இமாமின் குரல்தானா, அதனைப் பின்பற்றித் தொழுதால் தொழுகை கூடுமா என்பவையே அன்றைய வினாக்கள். அவை விடை கண்டன. அண்டை வீட்டாரின் செவி பற்றிய வினா பெரும்பாலும் எழாமலே போயிற்று. கோயில்களிலும் மாதாகோவில்களிலும், அரசியல் மேடை, திருமணப் பந்தல் எங்கும் இதே கதைதான். யாரும் யாரையும் குறை சொல்வதற்கில்லை.

சென்னை மாதவரத்தில் குடியிருப்போர் சங்கத்துக்கும் ஒரு கிறித்துவ சபைக்கும் எழுந்த வழக்கில் உச்சநீதிமன்றம் 2000 ஆகஸ்டு 30இல் தீர்ப்பளித்தது. பிறர் அமைதியைக் குலைத்து வழிபாடு நடத்துமாறு எந்தச் சமயமும் கூறவில்லை என்பது அதன் சாரம். அதில் சுவையான செய்தி ஒன்றுண்டு. ஓசையை அளந்து பார்த்த மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தார், மாதவரம் நெடுஞ்சாலையில் ஓடும் வாகனங்களின் இரைச்சலைத்தான் சுட்டினார்கள். பெருஞ்சாலையின் பேரிரைச்சல் எவரையும் நீதிமன்றத்துக்கு அனுப்பவில்லை. அடுத்த வீட்டின் மேளமே அனுப்பிற்று. முன்னதற்கு முகமில்லை, பின்னதற்கு முகம் உண்டு.

அதே 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் மத்திய அரசு ஒலி மாசு விதிகளை வெளியிட்டது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. மருத்துவமனை, கல்விக்கூடம், நீதிமன்றம் இவற்றைச் சுற்றி நூறு மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்கப்படலாம். அங்கே 50, 40. இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணிவரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்காக ஆண்டில் பதினைந்து நாட்களுக்கு மேற்படாமல் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்த்தலாம். 2005 ஜூலையில் உச்சநீதிமன்றம் இவ்விதிகளுக்கு வலுவூட்டியது. டெசிபல் கணக்கில் பத்து கூடினால் ஓசையின் ஆற்றல் பத்து மடங்காகிறது. ஆகவே 45 இருக்க வேண்டிய இடத்தில் 65 இருந்தால் மிகுதி நூறு மடங்கு. இயல்பாகப் பேசும் பேச்சே அறுபதை எட்டும் என்றால், இரவுக்கு விதி கோருவது எத்தகைய அடக்கம் என்பது விளங்கும்.

நம் பஜ்ருப் பாங்கு காலை ஆறுக்கு முன்னர் வருவது. இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. 2020 மே மாதம் அலாகாபாத் உயர்நீதிமன்றம், பாங்கு இஸ்லாத்தின் அங்கம். ஒலிபெருக்கி அதன் அங்கமன்று என்று பிரித்துக் காட்டியது. முன்னதில் நமக்கு ஐயமில்லை. பின்னதை, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் மஸ்ஜிதில் வெறுங்குரலால் பாங்கு சொன்ன பிலால் (ரலி) அவர்களை அறிந்த எவரும் மறுக்க மாட்டார். தொழுகையில் குரலை மிக உயர்த்தாமலும் மிகத் தாழ்த்தாமலும் நடுவழி தேடுமாறு பனீ இஸ்ராயீல் அத்தியாயம் பணிக்கிறது. பள்ளியில் இஃதிகாப் இருந்த நபிகளார், சிலர் உரக்க ஓதுவதைக் கேட்டுத் திரையை விலக்கி, ஒருவர் ஓதுதல் மற்றவருக்குத் தொல்லையாகலாகாது எனத் தடுத்த செய்தி அபூதாவூதில் உள்ளது. ஓதப்பட்டது குர்ஆன், கேட்டவர்கள் தொழுகையாளிகள், இருந்தும் அத்தடை.

பெரம்பலூர் மாவட்டத்து வி.களத்தூரை இங்கு விட்டுவிட்டுப் போவது நேர்மையாகாது. அங்கே கோயில் ஊர்வலங்கள் 2011 வரை எல்லா வீதிகளிலும் அமைதியாகச் சென்று வந்தன. 2012இலிருந்து நம்மவர் மறுப்பு எழுந்தது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2021இல் கண்டது. ஒரு வட்டாரத்தில் ஒரு சமயத்தார் மிகுதி என்பதால் மற்றவர் விழாவைத் தடுக்கலாம் என்று ஒப்பினால், இந்நாட்டின் பெரும்பகுதியில் சிறுபான்மையோர் எவ்விழாவும் நடத்த இயலாதே என்று நீதிபதிகள் வினவினார்கள். நம் முஹர்ரமும் சந்தனக்கூடும் எந்த வீதிகளின் வழியே போகின்றன என்று எண்ணிப் பார்த்தால், அவ்வினாவின் கூர்மை நம்மீதே பாயும். நம் பள்ளியின் முன் தொழுகை வேளையில் மேளத்தைத் தணித்துச் செல்லும் ஊர்வலங்கள் தமிழகத்தில் எத்தனையோ உண்டு. அது அவர்கள் தரும் மரியாதை. அதைக் கடனாக எழுதி வாங்க முற்பட்ட ஊர்களில், இருந்த மரியாதையும் போயிற்று.

என் பிள்ளைப் பருவத்தில் ரமலான் இரவுகளில் ஸஹருக்கு எழுப்ப எங்கள் தெருவில் பாவா ஒருவர் தாயிராவைத் தட்டிப் பாடிக்கொண்டு வருவார். எங்கள் வரிசையில் முஸ்லிம் வீடுகளும் மற்றவர் வீடுகளும் கலந்தே இருந்தன. ஒரு வீட்டில் முதலியார் பெரியவர் ஒருவர் நெடுநாள் படுக்கையில் கிடந்தார். அவ்வீட்டை நெருங்கும்போது பாட்டு நின்றுவிடும். தாயிராவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பாவா நடப்பார். அதை அடுத்திருந்தது எங்கள் வீடு. எங்கள் கதவை மட்டும் விரல் முட்டியால் இரண்டு முறை தட்டுவார். என் உம்மா உள்ளிருந்தே, "எழுந்துவிட்டோம் பாவா" என்று மெல்லச் சொல்வார்கள். நாலு வீடு கடந்தபின் தாயிரா மறுபடியும் ஒலிக்கும்.