உடைந்தாலும் ஊறு செய்யாத கண்ணாடி

இரவெல்லாம் நெடுஞ்சாலையில் ஓடும் கனரக லாரியின் ஓட்டுநருக்கும் புறவெளிக்கும் இடையே பக்கவாட்டில் நிற்பது சில மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு கண்ணாடித் தகடேயாகும். கல் பட்டோ, கள்வர் கை பட்டோ அது நொறுங்கிவிடின் உரிமையாளர் முன் இரு வழிகள் உள்ளன. வீட்டுச் சாளரத்துக்குரிய சாதாரணக் கண்ணாடியை அளவெடுத்து வெட்டிப் பொருத்துவது ஒன்று. வாகனத்துக்கென்றே உலையில் பதமிடப்பட்ட கண்ணாடியை வருவித்துப் பொருத்துவது மற்றொன்று. முன்னது மலிவு, அன்றைக்கே முடிந்துவிடும். ஆயினும் மனித இனம் முந்நூறாண்டுகளாகத் தேடிப் பெற்ற ஒரு பாதுகாப்பை அது ஒரே நொடியில் களைந்து எறிந்துவிடுகின்றது. அப்பாதுகாப்பு பிறந்த வரலாற்றை அறிந்தோர் முதல் வழியை நாடமாட்டார்.

பழைய பெருமையும் பழைய குறையும்

கண்ணாடியை அரபு மொழியில் ‘ஸுஜாஜ்’ என்பர். ஷாம் நாட்டுக் கண்ணாடி மென்மைக்கும் தெளிவுக்கும் பழமொழியாய் வழங்கியதை, 1038-இல் மறைந்த அறிஞர் ஸஆலிபீ குறித்துள்ளார். பதினொன்றாம் நூற்றாண்டில் துருக்கியின் தென்மேற்குக் கரையோரம் செர்ச்சே லிமானி என்னுமிடத்தில் மூழ்கிய கப்பலொன்றை 1977 முதல் 1979 வரை அகழ்ந்தெடுத்தபோது, அதில் ஏறத்தாழ மூன்று டன் கண்ணாடி இருந்தது. அதில் ஒரு டன் அளவு உடைந்த கலங்களின் துண்டுகள். மீண்டும் உருக்குவதற்காக ஏற்றிச் செல்லப்பட்டவை. உடைந்த கண்ணாடிக்கும் அன்று விலை இருந்தது. ஆனால் உடையும் கண்ணாடி கத்தியாக மாறும் என்னும் குறைக்கு மட்டும் அன்று மருந்து இல்லை.

கண்ணீர்த் துளியின் புதிர்

உருகிய கண்ணாடியைச் சொட்டாகத் தண்ணீரில் விட்டால் அது வால் நீண்ட துளியாக இறுகும். அதன் தலையைச் சுத்தியலால் அடித்தாலும் உடையாது. வாலைச் சற்றே ஒடித்தால் முழுத் துளியும் தூளாய்ச் சிதறும். இளவரசர் ரூபர்ட் இங்கிலாந்துக்குக் கொணர்ந்த இத்துளிகளை மன்னர் இரண்டாம் சார்லஸ் 1661-இல் ராயல் கழகத்தாரின் ஆய்வுக்கு அளித்தார். வெளிப்புறம் முதலில் குளிர்ந்து இறுகிவிடுகின்றது. உட்புறம் பின்னர் குளிர்ந்து சுருங்கும்போது வெளிப்புறத்தை உள்நோக்கி இழுக்கின்றது. இவ்வாறு அழுத்தத்தில் நிற்கும் மேற்பரப்பில் கீறல் எளிதில் பரவாது. அவ்வழுத்தத்தைத் தாண்டி உட்புறம்வரை பிளவு எட்டிவிட்டாலோ, அடைபட்டிருந்த விசை முழுவதும் ஒரே கணத்தில் விடுபட்டு அனைத்தையும் நொறுக்கிவிடும்.

இப்புதிரைத் தொழிலாக்க முனைந்தவர் பிரான்சு நாட்டின் ராயே த லா பாஸ்தி. சூடேறிய கண்ணாடியை எண்ணெயிலும் கொழுப்பிலும் தோய்த்து உறுதியாக்கும் முறைக்கு 1874-இல் அவர் காப்புரிமை பெற்றார். பின்னர் எண்ணெயின் இடத்தைக் காற்று பிடித்தது. தகட்டை 600 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி, இருபுறமும் குளிர்காற்றை வேகமாக வீசிப் பதமிடுகின்றனர். கடைக்காரர்கள் ‘டஃபன் கிளாஸ்’ என்பது இதைத்தான். சாதாரணக் கண்ணாடியைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு உறுதியுள்ள இது, உடையும்போது மழுங்கிய சிறு மணிகளாக உதிரும்.

மற்றொரு வழியைக் கண்டவரும் பிரெஞ்சுக்காரரே. எதுவார் பெனெதிக்துஸ் என்பாரின் ஆய்வறையில் கீழே விழுந்த குடுவை விரிந்தும் சிதறாதிருந்தது; உள்ளே உலர்ந்திருந்த செல்லுலோஸ் நைட்ரேட்டுப் படலமே காரணம் என அவர் கண்டார் என்பர். இரு தகடுகளுக்கிடையே படலம் வைத்து ஒட்டும் கண்ணாடிக்கு 1909-இல் காப்புரிமை பெற்றார். முதல் உலகப் போரில் நச்சுவாயு முகமூடிகளுக்கு அது பயன்பட்டது. 1927-இன் இறுதியில் வெளிவந்த ஃபோர்டு ‘மாடல் ஏ’ காரின் முன் கண்ணாடியாகவும் அமைந்தது.

முன் கண்ணாடி ஒட்டியதாகவும் பக்கக் கண்ணாடி பதமிட்டதாகவும் அமைவதே பெருவழக்கு. முன்னது உடைந்தும் இடம் பெயராது, ஓட்டுநரை வெளியே எறியவிடாது காக்கும். பின்னதோ, தீயிலும் வெள்ளத்திலும் கதவு திறவாவிடின் உடைத்து வெளியேற வழி தரும். கைமுட்டிக்கு அசையாத அது, ஓரத்தில் கூர்முனைச் சுத்தியல் பட்டால் உதிர்ந்துவிடும்.

லாரிக்கு வந்த கண்ணாடி

காட்லீப் டைம்லர் 1896-இல் செய்த முதல் லாரியில் ஓட்டுநர் வெட்டவெளியில் அமர்ந்தார். மூடிய அறையும் கதவுக் கண்ணாடியும் பிற்காலத்தவை. நம் நாட்டில் பல்லாண்டுகளாக லாரியின் அடிச்சட்டமே ஆலையிலிருந்து வந்தது. ஓட்டுநர் அறையை நாமக்கல், திருச்செங்கோடு போன்ற ஊர்களின் பட்டறைகள் கட்டித் தந்தன. அளவு பட்டறைக்குப் பட்டறை மாறியதால், கிடைத்த கண்ணாடியை வெட்டிப் பொருத்துவது எளிதாயிற்று. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100-ஆம் விதி, சாளரங்கள் பாதுகாப்புக் கண்ணாடியாய் இருத்தல் வேண்டும் என்றும், பக்கக் கண்ணாடி குறைந்தது 50 விழுக்காடு ஒளியை விடுதல் வேண்டும் என்றும் பணித்தது.

மாற்றும்போது கருத வேண்டுவன

பதமிட்ட கண்ணாடியைப் பின்னர் வெட்டவோ துளையிடவோ இயலாது, முயன்றால் நொறுங்கிவிடும். ஆதலின் பட்டறையில் கட்டிய அறையாயின், முதலில் அட்டையில் அச்செடுத்து, அளவாக வெட்டி, ஓரம் தேய்த்து, துளையிட்டு, அதன் பிறகே பதமிடக் கொடுத்தல் வேண்டும். மூலையில் ஐ.எஸ். 2553 என்னும் இந்தியத் தரக் குறியீடு உண்டா எனப் பார்த்து வாங்குக. கதவின் உட்பலகையைக் கழற்றி, அடியில் குவிந்த மணிகளை முற்றிலும் அகற்றுக. எஞ்சியவை புதுக் கண்ணாடியைக் கீறும், நீர் வடியும் துளைகளை அடைக்கும். வெடித்த ரப்பர் பீடிங்கையும் உடன் மாற்றுக. கண்ணாடி தடையின்றி ஏறி இறங்குவதைச் சோதித்த பின்னரே பலகையை மூடுக.

புதிதாகத் தயாராகும் நடுத்தர, கனரகச் சரக்கு வாகனங்களின் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதன வசதி கட்டாயமாகியுள்ளது. இனி அக்கண்ணாடி பெரும்பாலும் மூடியே இருக்கும். விபத்து நேரும்போது அது ஓட்டுநரின் முகத்தருகே நிற்கும். அது மணியாய் உதிர்வதா, கத்தியாய்ப் பாய்வதா என்பது பழுது பார்க்கும் நாளிலேயே முடிவாகிவிடுகின்றது. சில நூறு ரூபாயை மிச்சப்படுத்துவோர், அம்மிச்சம் யாருடைய கண்ணுக்கும் கழுத்துக்கும் ஈடாக வைக்கப்படுகின்றது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.