ஓர் எண் பிறந்த கதை

அந்த நோய்க்குச் சொந்தப் பெயரே கிடையாது. அது போன ஊரிலெல்லாம் பக்கத்து ஊர்க்காரன் பெயரைத்தான் அதன் தலையில் கட்டினார்கள். இத்தாலியர்களுக்கு அது ‘பிரெஞ்சு நோய்’. பிரெஞ்சுக்காரர்களுக்கு ‘நேப்பிள்ஸ் நோய்’. நம் ஊரில் கப்பலில் வந்திறங்கிய வெள்ளைக்காரனைக் கைகாட்டிப் ‘பறங்கிப்புண்’ என்றார்கள். சித்த வைத்தியர்கள் அதற்குப் பறங்கிப்பட்டையை இடித்துக் கொடுத்தார்கள். மேகநோய், கிரந்தி, சிபிலிஸ் என்று பெயர்கள் பல. நோயின் பெயரையே எந்த ஊரும் ஏற்காதபோது, தனக்கு அது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள எந்த மனிதன் தன் பெயரைக் கொடுப்பான்? கொடுக்கமாட்டான் என்பது பிரிட்டிஷ் அரசாங்கத்துக்கும் தெரிந்திருந்தது. அதனால் கேட்டு வாங்குவதை விட்டுவிட்டு, பிடித்துக்கொண்டு வரச் சட்டம் போட்டது.

அரசாங்கத்தின் கவலையெல்லாம் பட்டாளத்து வெள்ளைக்காரச் சிப்பாய்களைப் பற்றித்தான். சிப்பாய் படுத்துவிட்டால் துப்பாக்கி தூக்க ஆள் இல்லை. 1868-ல் வந்த இந்தியத் தொற்றுநோய்ச் சட்டம், பாலியல் தொழில் செய்த பெண்கள் தங்களைப் பதிவு செய்துகொள்ள வேண்டும், குறிப்பிட்ட நாட்களில் பரிசோதனைக்கு வர வேண்டும் என்றது. நோய் இருந்தால் ‘லாக் ஆஸ்பத்திரி’யில் அடைப்பு. லண்டனில் தொழுநோயாளிகளுக்கென்று இருந்த ஒரு பழைய விடுதியின் பெயர் அது. பூட்டி வைக்கிற இடம் என்பதற்காக இங்கே சூட்டிய பெயர் அல்ல. ஆனால் உள்ளே போன பெண்ணுக்கு அந்த விளக்கத்தால் என்ன லாபம்? சிப்பாய்களையோ, வந்துபோன மற்ற ஆண்களையோ இந்தச் சட்டம் தொடவே இல்லை. பதிவு எண்ணோடு ஒரு சீட்டு பெண்ணின் கைக்கு மட்டும் வந்தது. கல்கத்தாவில் பெண்கள் ஊரைவிட்டே ஓடினார்கள், ஒளிந்தார்கள், பதிவு செய்யாமல் கைதானார்கள். இங்கிலாந்தில் இதேபோன்ற சட்டத்தை எதிர்த்து ஜோசபின் பட்லர் என்ற பெண்மணி ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1886-ல் அங்கேயும், 1888-ல் இங்கேயும் சட்டம் செத்தது. நோய் மட்டும் சாகவில்லை. அதைப் பார்க்கக்கூட அதுவரை யாராலும் முடிந்திருக்கவில்லை.

1905-ல் பெர்லினில் ஃப்ரிட்ஸ் ஷாடின், எரிக் ஹாஃப்மன் என்ற இருவர் நுண்ணோக்கியில் அதைப் பார்த்துவிட்டார்கள். திருகாணி போல நெளிகிற, வெளிறிய, மெலிந்த கிருமி. புண்ணிலிருந்து எடுத்தால் பார்க்கலாம். ஆனால் இந்த நோயின் தந்திரமே புண் தானாக ஆறிவிடுவதுதான். ஆள் குணமாகிவிட்டதாக நினைத்துக் கல்யாணம் செய்துகொள்வார், பிள்ளை பெறுவார். பல வருஷம் கழித்து மூளையிலும் இதயத்திலும் நோய் தலைகாட்டும். உடம்பு மறைப்பதை ரத்தம் சொல்லுமா என்பதுதான் அடுத்த கேள்வி.

அதற்குப் பதில் தேடிக் கிளம்பினார் ஆகஸ்ட் ஃபான் வாசர்மன். கூடவே, வெட்டை நோய்க் கிருமியை 1879-லேயே கண்டுபிடித்த ஆல்பர்ட் நைசரும், கார்ல் ப்ரூக்கும். 1906-ல் அவர்கள் வெளியிட்ட செய்முறையைப் படித்தால் சமையல் குறிப்பு போலத்தான் இருக்கும். நோயாளியின் சீரம் ஒரு பங்கு. கினிப்பன்றியின் சீரம் ஒரு பங்கு. ஆட்டு ரத்த அணுக்கள். அவற்றை உடைக்கப் பழக்கப்பட்ட முயலின் சீரம். இவற்றோடு கிருமியின் சாறும் சேர வேண்டும். கடைசியில் ஆட்டு ரத்தம் உடைந்து குழாய் முழுக்கச் சிவப்பானால் நோய் இல்லை; உடையாமல் அடியில் படிந்தால் நோய் உண்டு. எல்லாம் சரி, கிருமியின் சாற்றுக்கு எங்கே போவது? அந்தக் கிருமியை ஆய்வகத்தில் வளர்க்கவே முடியவில்லை.

வேறு வழியில்லாமல் ஒரு குரூரமான வழியைப் பிடித்தார்கள். தாயிடமிருந்து நோய் தொற்றி, இறந்தே பிறந்த குழந்தைகளின் ஈரல். அதில் கிருமி மொய்த்துக் கிடக்கும். அந்தச் சாற்றை வைத்துச் செய்த சோதனை முதலில் நொண்டியடித்தது. பிறகு கைப்பழக்கத்தில் தேறி, ஐரோப்பாவெங்கும் ஆய்வகங்கள் அதைச் செய்ய ஆரம்பித்தன. அடுத்த வருஷமே ஒரு குட்டு உடைந்தது. நோயே இல்லாத ஈரலின் சாற்றை ஊற்றினாலும் சோதனை வேலை செய்தது! மாட்டு இதயத்தின் சாற்றை ஊற்றினாலும் செய்தது. வாசர்மன் கிருமியைத் தேடுவதாக நினைத்துக்கொண்டு வேறெதையோ பிடித்திருந்தார். கணக்கு தப்பு, விடை சரி.

அந்த ‘வேறெதோ’ என்னவென்று தெரிய 1941 வரை ஆனது. நியூயார்க் மாநிலத்தில் மேரி பாங்போர்ன் மாட்டு இதயத்திலிருந்து ஒரு கொழுப்புப் பொருளைப் பிரித்தெடுத்து அதற்குக் கார்டியோலிபின் என்று பெயர் வைத்தார். சிபிலிஸ் தாக்கிய உடம்பு அந்தக் கொழுப்புக்கு எதிராகவே எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. சோதனை காட்டியது அதைத்தான். அந்தக் கொழுப்பை வைத்து 1946-ல் அமெரிக்க அரசின் பால்வினை நோய் ஆய்வகம் ஓர் எளிய சோதனையை உருவாக்கியது. ஆய்வகத்தின் ஆங்கிலப் பெயரில் நான்கு முதலெழுத்துகள்: வி.டி.ஆர்.எல். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மசக்கையோடு போகிற ஒவ்வொரு பெண்ணின் பரிசோதனைப் பட்டியலிலும் இன்றைக்கும் அந்த நான்கு எழுத்து இருக்கிறது. விரிவாக்கம் தெரிந்தவர்கள் குறைவு. தெரிந்தால் மாமியார் பதறிவிடுவார் என்பதால் நர்சம்மாக்களும் விளக்குவதில்லை. ஆனால் கதையில் நான் முன்னால் ஓடிவிட்டேன். ரத்தம் பேசும் என்று தெரிந்த பிறகும், ரத்தம் கொடுக்க ஆள் வரவில்லை.

1913-ல் லண்டனில் பால்வினை நோய்களைப் பற்றி விசாரிக்க ஓர் அரச ஆணையம் உட்கார்ந்தது. தலைவர் சிடன்ஹாம் பிரபு, அதுவரை பம்பாயில் கவர்னராக இருந்தவர். மூன்று வருஷம் சாட்சிகளைக் கேட்ட ஆணையம், பெரிய நகரங்களில் பத்தில் ஒருவருக்காவது சிபிலிஸ் வந்திருக்கும் என்று சொன்னதும் நாடு அதிர்ந்தது. நோயாளிகள் எல்லாம் எங்கே போனார்கள்? போலி வைத்தியர்களிடம். அவர்கள்தானே பெயர் கேட்பதில்லை! பேருந்து நிலையச் சுவரிலும் வாரப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்திலும் ‘பரம்பரை வைத்தியர், இந்தத் தேதியில் இந்த லாட்ஜில்’ என்ற விளம்பரங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த வியாபார ரகசியம் புதிதல்ல. லாட்ஜ் வைத்தியரிடம் மருந்து இருந்ததோ இல்லையோ, கதவு இருந்தது. அதைத் தாழ் போடவும் முடிந்தது.

நோயாளிகளின் பெயரை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்கச் சட்டம் வேண்டும் என்று அப்போதும் ஒரு கூட்டம் மேசையைத் தட்டியது. ஆணையம் மசியவில்லை. பழைய சட்டத்தில் பட்ட சூடு ஆறியிருக்கவில்லை. போலி வைத்தியரின் கதவை அரசாங்கமே போடட்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். 1916-ல் வந்த விதிமுறைகளின்படி பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். செலவில் முக்கால் பங்கு மத்திய அரசுடையது, கால் பங்கு உள்ளூர் நிர்வாகத்துடையது. வந்தவரைப் பற்றிய தகவல் எல்லாம் ரகசியம் என்று ஒரு வரி. அடுத்த வருஷம் போலி வைத்தியத்துக்கும் அதன் விளம்பரத்துக்கும் தடை. கிளினிக்குகளில் நோயாளிகளைப் பெயரால் அல்ல, எண்ணால் அழைக்கும் பழக்கம் வேரூன்றியது. ஒரு காலத்தில் பெண்ணை அடையாளம் காட்டிப் பிடிப்பதற்கு இருந்த எண், இப்போது ஆளை மறைக்கும் முக்காடானது. இந்த முக்காடு நம் ஊர் வந்து சேர இன்னும் ஏறக்குறைய எண்பது வருஷம் போக வேண்டியிருந்தது. அதற்குள் இன்னொரு நோய் முந்திக்கொண்டது.

1981-ல் அமெரிக்காவில் எய்ட்ஸ் தெரியவந்தது. 1985 மார்ச்சில் அதற்கு முதல் ரத்தப் பரிசோதனை அங்கே அனுமதி பெற்றது. நோக்கம் ரத்த வங்கிகளைக் காப்பாற்றுவது. உடனே ஒரு விபரீதம் உறைத்தது. தனக்கு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத் துடிப்பவர் நேரே எங்கே போவார்? ரத்த தானம் செய்யத்தான்! கிருமி தொற்றிய முதல் வாரங்களில் சோதனையும் அதைக் காட்டாது. ரத்தத்தைக் காப்பாற்ற வந்த சோதனையே ஆபத்தான ரத்தத்தை வங்கிக்கு அழைத்துவரும் போலிருந்தது. அவசர அவசரமாகத் தனிப் பரிசோதனை இடங்களைத் திறந்தார்கள். பெயர் வேண்டாம், எண் போதும் என்று பழைய முக்காடு திரும்ப வந்தது. அந்த வருஷக் கடைசியில் சென்னையில் ஒரு பேராசிரியை தன் மாணவிக்கு ஆய்வுத் தலைப்பு தேடிக்கொண்டிருந்தார்.

சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியை சுனிதி சாலமன். மாணவி செல்லப்பன் நிர்மலா. எய்ட்ஸ் மேல்நாட்டு ஒழுக்கக்கேட்டின் நோய், நம் பண்பாட்டுக்குள் அது நுழையாது என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த நேரம். இருக்கிறதா என்று தேடிப் பார் என்றார் சுனிதி. நிர்மலா தயங்கினார், கணவர்தான் தைரியம் சொன்னார். காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பெண்களிடம் ரத்தம் எடுத்தார். கையுறை கிடையாது. என்ன சோதனை என்று அவர் சொல்லவில்லை. வழக்கமான பால்வினை நோய்ச் சோதனை என்றே அந்தப் பெண்கள் நினைத்தார்கள். மூன்று மாதத்தில் எண்பதுக்கு மேற்பட்ட மாதிரிகள் சேர்ந்தன. வைக்க இடமில்லாமல் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்குள் அவை குடியேறின. சோதித்துப் பார்க்கும் வசதி சென்னையில் இல்லை.

1986 பிப்ரவரியில் ஐஸ் பெட்டியோடு கணவனும் மனைவியும் காட்பாடிக்கு ரயில் ஏறினார்கள். வேலூர் சி.எம்.சி.யில் காலை எட்டரைக்குச் சோதனை தொடங்கியது. நண்பகலில் மின்சாரம் போய்விட்டது. சரி, டீ குடிக்கலாம் என்று எல்லோரும் வெளியே போனார்கள். திரும்பி வந்து சோதனைத் தட்டின் மூடியைத் திறந்தால், குழிகளில் சில மஞ்சளாகியிருந்தன. ஆறு மாதிரிகளில் கிருமி. யாரோ விளையாடுகிறார்கள் என்றே முதலில் நினைத்தார்கள். மறுபடி ரத்தம் எடுத்து, அமெரிக்கா வரை கொண்டுபோய் உறுதி செய்தார்கள். அந்த மே மாதம் சட்டசபையில் சுகாதார அமைச்சர் எச்.வி.ஹண்டே எழுந்து அறிவித்தார். இந்தியாவுக்குள் எய்ட்ஸ் கிருமியான எச்.ஐ.வி. வந்துவிட்டது. அந்த ஆறு பெண்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அடுத்து நடந்தது 1868-ன் மறுஒளிபரப்பு. கேட்காமல் சோதித்தார்கள். இருந்தால் அடைத்தார்கள். கிருமி இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்கள் வெளியே வர, சென்னை உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. கண்டுபிடித்தவர் என்ற புகழோடு ஓய்ந்திருக்கலாம் சுனிதி. என் கணக்கில் அவருடைய பெரிய காரியம் அதற்குப் பிறகுதான் வருகிறது. அரசு வேலையை விட்டுவிட்டு 1993-ல் தந்தையின் பெயரில் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற அமைப்பைத் தொடங்கினார். வருகிறவர் தானாக வர வேண்டும். முதலில் உட்காரவைத்துப் பேச வேண்டும். அவர் சம்மதித்த பிறகுதான் ஊசி. முடிவு அவருக்கு மட்டும்.

நான்கு வருஷம் கழித்து அரசாங்கமும் அதே வழிக்கு வந்தது. 1997 முதல் நாடெங்கும் தன்னார்வப் பரிசோதனை மையங்கள் முளைத்தன. ஆனால் மையத்துக்குள் காக்கப்பட்ட ரகசியத்துக்கு வெளியே சட்டத்தின் துணை இல்லை. ரத்தம் கொடுக்கப்போன இடத்தில் கிருமி தெரியவந்து, அது கசிந்து, நிச்சயமான கல்யாணம் நின்றுபோன ஒருவர் உச்ச நீதிமன்றம் போனார். 1998-ல் தோற்றார், மணப்பெண்ணின் உயிர் அவருடைய ரகசியத்தைவிடப் பெரிது என்றது நீதிமன்றம். வேடிக்கை என்னவென்றால், அந்தத் தீர்ப்பின் தலைப்பில் அவர் பெயர் இல்லை. ‘திரு. எக்ஸ்’ என்றுதான் இருக்கிறது. சம்மதம் இல்லாமல் சோதிக்கக்கூடாது, முடிவை வெளியே சொல்லக்கூடாது என்று நாடாளுமன்றம் சட்டம் இயற்ற 2017 ஆனது. அது நடைமுறைக்கு வந்தது 2018 செப்டம்பர் 10.

மாவட்டத் தலைமை மருத்துவமனையில் சீட்டு வாங்கும் வரிசையைத் தாண்டி, மருந்து கொடுக்கும் ஜன்னலைத் தாண்டிப் போனால், சிவப்பு ரிப்பன் படம் போட்ட ஒரு பலகை தொங்கும். எத்தனையோ தடவை அதைக் கடந்து போயிருப்போம்; எதற்கு அந்த அறை என்று கேட்டிருக்கமாட்டோம். நம்பிக்கை மையம். உள்ளே ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஓர் ஆலோசகர். முதலில் பேச்சு, பிறகு சம்மதம், பிறகு சோதனை. கிருமி இருப்பதாகக் காட்டினால், மூன்று வெவ்வேறு சோதனைகள் ஒரே பதிலைச் சொன்ன பிறகே முடிவு. காசு கிடையாது. வரத் தயங்குகிறவர்களுக்கு 1097 என்ற இலவசத் தொலைபேசி எண். ரத்தம் எடுத்த சோதனைக் குழாயின் மேல் ஒட்டுகிற காகிதத்தில் பெயர் இருக்காது, எண்தான் இருக்கும். அந்த எண் யாருடையது என்று எழுதிய பதிவேடு ஒரு பீரோவுக்குள் இருக்கிறது. பீரோ பூட்டியிருக்கும்.