கோணிய வாய்க்கு ஒரு கணக்கு

காலையில் பல் விளக்கிக் கொப்பளித்தால் தண்ணீர் ஒரு பக்கமாக ஒழுகுகிறது. கண்ணாடியில் பார்த்தால் வாய் கோணியிருக்கிறது, ஒரு கண் மூடவில்லை. கருமத்தம்பட்டிப் பக்கம் தறி ஓட்டுபவர் ஒருவருக்கு இப்படி வந்தால், 'காத்துக் கருப்பு அடிச்சிருச்சு' என்று சொல்லப் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சித்த வைத்தியத்தில் இது முகவாதம். ஆங்கில மருத்துவத்தில் பெல்ஸ் பால்சி. (பக்கவாதத்திலும் வாய் கோணும். அதனால் முதலில் ஓட வேண்டியது மருத்துவமனைக்கு!)

பெல் என்பது ஆள் பெயர். ஸ்காட்லாந்துக்காரரான சார்லஸ் பெல், முகத்தை அசைப்பதற்கென்று தனி நரம்பு இருப்பதை 1821-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் விளக்கினார். அவருக்கு 900 ஆண்டுகள் முன்பே பாரசீக மருத்துவர் அல்-ராஸி இந்த நோயைப் பற்றி எழுதிவிட்டார். பேர் மட்டும் பெல்லுக்கு.

பேர் கிடைத்ததே தவிர அளவு கிடைக்கவில்லை. வெட்டுப்பட்ட நரம்பு மீண்டும் வளர்வது நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான். மாதக்கணக்கில் காத்திருக்கும் நோயாளிக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: தேறுகிறதா, இல்லையா? இன்னும் பொறுப்பதா, ஆபரேஷனா? 'பரவால்லீங்க, கொஞ்சம் தேவல' என்ற பதில் அதற்குப் போதாது.

வேலூர் அருகே 1955-ல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் மருத்துவமனை போன்ற இடங்களில் இந்தக் கேள்வி கண்பார்வை சம்பந்தப்பட்டது. தொழுநோய் அதே நரம்பின் கிளையைத் தாக்கினால் இமை மூடாது, கண் காய்ந்து பார்வையே போகலாம். அங்கே இமை இடைவெளியை ஸ்கேல் வைத்து மில்லிமீட்டரில் அளப்பார்கள்.

முழு முகத்துக்கு ஒரு அளவுகோலை 1985-ல் அமெரிக்கக் காது மருத்துவர்கள் ஹவுஸும் பிராக்மனும் கொடுத்தார்கள். மொத்தம் 6 நிலைகள். 1 என்றால் இயல்பு, 6 என்றால் அசைவே இல்லை. புருவமும் வாயோரமும் எத்தனை கால் சென்டிமீட்டர் நகர்கின்றன என்று பார்க்கும் வழியும் அதில் உண்டு. ஆனால் பார்ப்பது மனிதக் கண். ஒருவர் 3 என்பதை இன்னொருவர் 4 என்பார். ஒரே பேரேட்டைப் பார்த்து இரண்டு ஆடிட்டர்கள் இரண்டு லாபம் சொன்ன கதைதான்.

1992-ல் நீலி என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் வீடியோவைக் கணினியிடம் கொடுத்தார்கள். யோசனை வெறும் கழித்தல்! முகம் அசையாமல் இருக்கும் படத்தை, சிரிக்கும்போது எடுத்த படத்திலிருந்து கழிக்க வேண்டும். அசையாத புள்ளிகள் பூஜ்யமாகிவிடும். அசைந்தவை மட்டும் மிஞ்சும். மிஞ்சியதை எண்ணி, இடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் ஒப்பிட்டால் எவ்வளவு குறைகிறது என்று தெரிந்துவிடும். சிக்கல் ஒன்றுதான், தலை லேசாக ஆடினாலும் முகம் முழுக்க அசைந்ததாகக் கணக்கு வந்துவிடும்.

2018-ல் வந்த 'இமோட்ரிக்ஸ்' என்ற இலவச மென்பொருள் புகைப்படத்தில் கண், புருவம், உதடு எங்கும் 68 புள்ளிகளைத் தானே வைக்கிறது. ஸ்கேல்? கருவிழியின் விட்டம் பெரியவர்களுக்கு ஏறக்குறைய 12 மில்லிமீட்டர். அதை வைத்தே மற்றதை அளந்துவிடுகிறது. ஆனால் இத்தகைய நிரல்கள் நல்ல முகங்களைப் பார்த்தே பழகியவை. கோணிய முகத்தில் புள்ளிகளைத் தப்பாக வைத்தன. பிறகு நோயாளிகளின் படங்களைக் காட்டிப் பழக்கியதும் பிழை குறைந்தது.