புவி வெப்பமுறுதல்: ஒரு சொற்போரின் வரலாறு

கௌதம முனிவர் இயற்றிய நியாய சூத்திரம் சொற்போரை மூவகையாக வகுத்துரைக்கின்றது. உண்மை காணும் விருப்பினால் இருவர் கூடி ஆராய்வது வாதம். உண்மை எதுவாயினும் தன் கொள்கையே வெல்லுதல் வேண்டுமெனப் பொருதுவது சல்பம். தனக்கென ஒரு கொள்கையை நிறுவாது, பிறர் கொள்கையைக் குலைப்பதையே தொழிலாகக் கொள்வது விதண்டை. இம்மூன்றும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே காணப்படும். மூன்றிலும் வினாவுண்டு, மறுப்புண்டு, ஐயமுண்டு. ஆயினும் அவற்றால் விளையும் பயன் வெவ்வேறாகும்.

புவியின் காலநிலை மனிதர் செயலால் மாறுகின்றதா, மாறுமாயின் அதனால் வரும் கேடு எத்துணைப் பெரிது என்னும் வினாக்கள் பற்றி எழுந்த சொற்போர் இம்மூவகையையும் ஒருங்கே கண்டது. “விஞ்ஞானிகளே தம்முள் மாறுபடுகின்றனர், நாம் யாரை நம்புவது?” எனப் பலர் இன்றும் வினவுதலைக் கேட்கின்றோம். இதற்கு விடை காண விரும்புவோர், எவர் எக்காலத்தில் எதன்பொருட்டு மாறுபட்டனர் என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். அவ்வரலாற்றைச் சுருங்கக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிரான்சு தேசத்துக் கணித அறிஞர் யோசேப்பு பூரியர், ஞாயிற்றிலிருந்து பெறும் வெப்பத்தைப் புவி எவ்வாறு தேக்கி வைக்கின்றது என 1824ஆம் ஆண்டில் ஆராய்ந்தார். வளிமண்டலம் ஒளியை எளிதில் உள்ளே விடுகின்றது. புவியிலிருந்து மீளும் கட்புலனாகா வெப்பக் கதிரை அவ்வாறு எளிதில் வெளியே விடுவதில்லை என அவர் கருதினார். 1856இல் அமெரிக்க மாதாகிய யூனிசு பூட் கண்ணாடிக் குழாய்களிற் பல்வேறு வாயுக்களை நிரப்பி வெயிலில் வைத்து, காபனீரொட்சைட்டு நிரம்பிய குழாயே மிகுதியாக வெப்பமுறுவதைக் கண்டார். இலண்டனில் யோன் திண்டல் 1859இல் தொடங்கிய நுண்ணிய அளவீடுகள், வளியின் பெரும்பகுதியாகிய நைதரசனும் ஒட்சிசனும் வெப்பக் கதிரைத் தடுப்பதில்லை என்பதையும், சிறுபகுதியாகிய நீராவியும் காபனீரொட்சைட்டுமே அதனைத் தடுக்கின்றன என்பதையும் நிறுவின. 1896இல் சுவீடன் தேசத்து அறிஞர் சுவாந்தே அரீனியசு, வளியிலுள்ள காபனீரொட்சைட்டு இரட்டித்தால் புவியின் வெப்பநிலை 5 முதல் 6 பாகை சென்ரிகிறேட் வரை உயரும் எனக் கையாற் கணித்துக் கூறினார். அவர் அதனைக் கேடெனக் கருதினாரல்லர். குளிர் மிகுந்த வட நாட்டினராகிய அவர், வருங்கால மக்கள் இதமான காலநிலையைப் பெறுவர் என்றே எண்ணினார்.

அரீனியசின் கொள்கைக்கு மறுப்புத் தோன்ற நெடுங்காலம் செல்லவில்லை. அவர்தம் நாட்டினராகிய நுட் அங்சுற்றம் 1900இல் ஒரு சோதனையை வெளியிட்டார். குழாயிலுள்ள காபனீரொட்சைட்டைக் குறைத்த போதிலும், ஊடுருவும் வெப்பக் கதிரிற் கருதத்தக்க மாறுதல் ஏற்படவில்லை. ஆகவே, தடுக்கவேண்டிய கதிர் அனைத்தையும் இருக்கும் வாயுவே தடுத்துவிடுகின்றது. மேலும் சேர்ப்பதனாற் பயனில்லை. எஞ்சியதை நீராவி தடுத்துக்கொள்ளும் என்பது அவர் தரப்பினர் முடிவு. இஃது அறிவுக்குப் பொருந்திய மறுப்பு. அரை நூற்றாண்டு வரை அறிஞர் பெரும்பாலோர் இதனையே ஏற்றிருந்தனர். வளிமண்டலம் ஒரே தட்டன்று, உயரச் செல்லச் செல்ல அடர்த்தியும் நீராவியும் குறைந்து குளிரும் அடுக்குகளால் ஆயது என்பதும், வெப்பம் புறவெளிக்குத் தப்பிச் செல்லும் வாயில் அம்மேலடுக்குகளிலேயே உள்ளது என்பதும், அங்குக் காபனீரொட்சைட்டு மிகுந்தால் அவ்வாயில் இன்னும் உயர்ந்த குளிரடுக்குக்குப் பெயர்ந்து, வெளியேறும் வெப்பம் குறையும் என்பதும் பின்னரே தெளிவாயின. 1956இல் கில்பேட் பிளாஸ் என்னும் பௌதிக அறிஞர் கணிப்பொறியின் துணைகொண்டு இதனைக் கணித்துக் காட்டினார். அங்சுற்றத்தின் ஐயம் தவறாக முடிந்தது. ஆயினும் அவ்வையமே வளிமண்டலத்தை அடுக்கடுக்காக ஆராய அறிஞரை உந்தியது. வாதத்தின் இயல்பு இதுவே.

இதற்கிடையில், 1938இல், கலெண்டர் என்னும் ஆங்கிலேய நீராவிப் பொறியியலாளர், உலகெங்குமுள்ள நிலையங்களின் வெப்பநிலைக் குறிப்புகளைத் தொகுத்து, புவி உண்மையில் வெப்பமுற்று வருகின்றது என்றும், நிலக்கரிப் புகையே அதற்குக் காரணமாகலாம் என்றும் இலண்டன் வளிமண்டலவியற் கழகத்தின்முன் உரைத்தார். கழகத்தார் அவரது உழைப்பைப் பாராட்டினர், முடிவை ஏற்றிலர். வெளிவரும் காபனீரொட்சைட்டைக் கடல் உட்கொண்டுவிடும் என்பதே அக்காலத்துப் பொதுக் கருத்து. வளியிலுள்ளதைப்போல் ஏறத்தாழ 50 மடங்கு காபன் கடலில் உள்ளதாகலின், அவ்வாறு எண்ணியதிற் குற்றமில்லை. 1957இல் உரோசர் இரெவெல், ஹான்ஸ் சூயெஸ் என்னும் இருவர், கடல்நீரின் இரசாயன இயல்பு அவ்வாயுவை விரைவில் ஏற்கவிடாது தடுக்கின்றது என எடுத்துக்காட்டினர். அடுத்த ஆண்டு சாள்சு டேவிட் கீலிங் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலைமீது அளவீட்டைத் தொடங்கினார். 1959இல் வளியின் பத்துலட்சம் பங்கில் ஏறத்தாழ 316 பங்காக இருந்த காபனீரொட்சைட்டு, 2024இல் 424 பங்காயிற்று. வாயு பெருகுகின்றதா என்னும் ஐயம் அம்மலையுச்சியில் ஒழிந்தது.

“எழுபதுகளில் இதே விஞ்ஞானிகள் உலகம் குளிரப்போகின்றது என்றார்களே” என்பது இன்றும் கேட்கப்படும் மறுப்பு. 1940ஆம் ஆண்டின் பின் சில பத்தாண்டுகள் வட அரைக்கோளம் சிறிது குளிர்ந்தது மெய்யே. ஆலைப் புகையிலுள்ள கந்தகத் துகள்கள் ஞாயிற்றொளியைத் திருப்பியனுப்புதலால் குளிர் மிகலாம் எனச் சிலர் எழுதினர்; 1975இல் அமெரிக்க வார ஏடொன்று அதனைப் பெருஞ்செய்தியாக்கியது. ஆயின், 1965 முதல் 1979 வரை வெளியான ஆய்வுரைகளை எண்ணி 2008இல் மூவர் வெளியிட்ட கணக்கின்படி, குளிர்தலைக் கூறியவை 7. வெப்பமுறுதலைக் கூறியவை 44. செய்தித்தாள் நினைவு வேறு, ஆய்வேட்டின் சான்று வேறு என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

1979இல் அமெரிக்க விஞ்ஞானக் கழகத்தின் வேண்டுகோளுக்கிணங்க யூல் சாணி என்பவரின் தலைமையிற் கூடிய குழு, காபனீரொட்சைட்டு இரட்டித்தால் வெப்பம் 1.5 முதல் 4.5 பாகை வரை உயரும் என மதிப்பிட்டது. 1988ஆம் ஆண்டு யூன் மாதம் யேம்சு ஹான்சன் அமெரிக்கச் செனற் சபைக் குழுவின்முன் தோன்றி, வெப்பமுறுதல் தொடங்கிவிட்டது எனச் சான்று பகர்ந்தார். அதே ஆண்டில் அரசுகளுக்கிடையேயான காலநிலை மாற்றக் குழுவும் நிறுவப்பட்டது. அதுவரை ஆய்வுகூடத்தில் இருந்த வினா அரசவைக்கு வந்தது. வரவே, அதன் குணமும் மாறிற்று. விடை ‘ஆம்’ எனின் நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் வரம்பு கட்ட வேண்டுமன்றோ?

1989இல் எண்ணெய், நிலக்கரி, மோட்டார்த் தொழில்களைச் சார்ந்த நிறுவனங்களும் சங்கங்களும் கூடி உலகக் காலநிலைக் கூட்டணி என்னும் அமைப்பை உருவாக்கின. காபனீரொட்சைட்டின் விளைவு இன்னும் உறுதிப்படவில்லை என மக்களிடையிலும் சட்டசபையினரிடையிலும் பரப்புவது அதன் பணியாயிற்று. அவ்வமைப்பின் சொந்த விஞ்ஞான ஆலோசனைக் குழு 1995இல் எழுதிய வரைவு, பச்சைவீட்டு விளைவின் விஞ்ஞான அடிப்படை நன்கு நிறுவப்பட்டது, மறுக்கவியலாதது என ஒப்புக்கொண்டிருந்தமை 2009இல் வெளிப்பட்டது. அங்ஙனமே, எக்சன் எண்ணெய் நிறுவனத்தின் விஞ்ஞானிகள் 1977 முதலாகத் தயாரித்த எதிர்வுகூறல்கள் பெரும்பாலும் பலித்தன என்பதை 2023இல் வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று. உள்ளே கணித்ததொன்று, வெளியே உரைத்தது பிறிதொன்று. இங்கு மாற்றுக் கொள்கை எதுவும் நிறுவப்படவில்லை என்பது நோக்கற்பாலது. புவி ஏன் வெப்பமுறுகின்றது என்பதற்கு வேறு காரணம் காட்டும் கடமையை அவர்கள் மேற்கொண்டிலர். ஐயம் நிலைத்தாற் போதும். காலம் கடந்தாற் போதும். கௌதமர் விதண்டை என்றது இதனையே. அக்கூட்டணி 2002இற் கலைந்தது. கலையுமுன், 1997இல் கியோற்றோவில் எழுதப்பெற்ற உடன்படிக்கையிலிருந்து அமெரிக்கா 2001இல் விலகியும் விட்டது.

எனினும், அக்காலத்தில் ஐயுற்றோர் அனைவரையும் கூலிக்கு மாரடிப்போர் எனத் தள்ளுதல் நீதியன்று. 1990இல் அறிஞர் இருவர், செயற்கைக் கோள்களின் அளவீடுகளிற் குறிப்பிடத்தக்க வெப்ப உயர்வு காணப்படவில்லை என அறிவித்தனர். அவ்வேறுபாடு பலரை வருத்தியது. கோளின் பாதை சிறிது சிறிதாகத் தாழ்வதனையும், அது ஒரே இடத்தைக் கடக்கும் நேரம் மாறுவதனையும் கணக்கிற் சரிவரச் சேர்க்காமையே காரணம் என 1998இலும் 2005இலும் புலனாயிற்று. றிச்சாட் முல்லர் என்னும் கலிபோணியப் பௌதிக அறிஞர், வெப்பநிலையங்கள் நகரங்களின் நடுவே அமைந்தமையால் உயர்வு மிகைப்பட்டதோ என ஐயுற்றார். ஐயத்தோடு நில்லாது, உலகக் குறிப்புகள் அனைத்தையும் தாமே மீண்டும் கணித்தார். அப்பணிக்கு எண்ணெய்ச் செல்வர் ஒருவரின் அறநிதியமும் பொருளுதவியது. முன்னோர் கூறியது சரியே என்றும், காரணம் மனிதரே என்றும் 2012இல் வெளிப்படையாக அறிவித்தார். ஐயத்தை வெறுக்க வேண்டியதில்லை. விடை வந்தபோது அவ்வையம் என் செய்கின்றது என்பதையே பார்த்தல் வேண்டும்.

மறுதலைப் பிழையும் நேர்ந்ததுண்டு. அரசுகளுக்கிடையேயான குழுவின் 2007ஆம் ஆண்டு அறிக்கை, இமயத்தின் பனியாறுகள் 2035ஆம் ஆண்டளவில் மறையக்கூடும் என்றது. அப்பனியாறுகள் பற்றிய அச்சுறுத்தும் கூற்றுகளை வினாவி 2009இல் இந்திய அரசின் சார்பில் ஓர் ஆய்வுரை வெளிவந்தபோது, அக்குழுவின் தலைவர் அதனை இகழ்ந்துரைத்தார். அடுத்த சனவரியில், அவ்வாண்டுக் கணக்குத் தக்க ஆதாரமற்றது எனக் குழுவே வருந்தி ஏற்க நேர்ந்தது. பனியாறுகள் உருகுதல் மெய். அந்த ஆண்டுக் கணக்கே பொய். நல்ல கொள்கையுடையோரும் வெற்றியை விரும்பிச் சல்பத்திற்கு இழியலாம் என்பதையும், அவ்விழிவு எதிரிக்கே படைக்கலமாகும் என்பதையும் இந்நிகழ்ச்சி கற்பிக்கின்றது.

இன்று வாதம் எஞ்சியிருப்பது எங்கே? புவி வெப்பமுறுகின்றதா என்பதில் இல்லை. 1850–1900 காலத்தோடு ஒப்பிடின் 2011–2020 காலத்தில் 1.1 பாகை உயர்ந்தது. 2024 தனியாண்டாக 1.5 பாகையைக் கடந்தது. எத்துணை விரைவில், எத்துணைக் கேடு என்பதிலேயே அறிஞர் மாறுபடுகின்றனர். சாணி குழுவின் 1.5 முதல் 4.5 என்னும் எல்லை நாற்பதாண்டு பெரிதும் குறையாதிருந்து, 2021இலேயே 2.5 முதல் 4 வரை எனச் சுருங்கிற்று. கீழெல்லைக்கும் மேலெல்லைக்கும் இடையிலுள்ள தூரம், தாங்கத்தக்க துன்பத்திற்கும் தாங்கொணாத் துன்பத்திற்கும் இடையிலுள்ள தூரமாகும்.

பொருளியலாரின் மாறுபாடு இதனினும் ஆழமானது. 2006இல் நிக்கலசு ஸ்ரேண் பிரித்தானிய அரசுக்கு அளித்த அறிக்கை, ஆண்டுதோறும் உலக உற்பத்தியில் நூற்றுக்கு 1 பங்கு செலவிட்டால், 5 முதல் 20 பங்கு வரையான இழப்பைத் தவிர்க்கலாம் என்றது. பின்னர் நோபல் பரிசு பெற்ற வில்லியம் நோட்ஹவுசு, சந்தை வட்டியை ஒட்டிக் கணித்தல் வேண்டும். நடவடிக்கை படிப்படியாக வளரலாம் என்றார். நூறாண்டின் பின் வரும் 100 ரூபா இழப்பை ஆண்டுக்கு நூற்றுக்கு 1.4 வீதமாகக் கழித்தால், இன்று அதன் பெறுமதி ஏறத்தாழ 25 ரூபா. 4 வீதமாகக் கழித்தால் 2 ரூபா. விஞ்ஞானம் ஒன்றே, கழிக்கும் வீதமே வேறு. பேரன் படும் துன்பத்தைத் தாத்தா எவ்வளவாக மதித்தல் வேண்டும் என்பதே இவ்வீதத்தினுள் மறைந்து கிடக்கும் வினா. இதனை எந்த வெப்பமானியும் தீர்த்துவைக்காது. இஃது அறத்தின்பாற்பட்டது. ஆகவே இதில் நல்லோரும் மாறுபடுவர், மாறுபடுதலும் தகும்.

இவ்வாராய்ச்சி எமக்குப் புறத்தேயுள்ள ஒன்றன்று. ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில், மாரி மழை சுண்ணக்கல்லினூடு இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் நன்னீராக மிதக்கின்றது. நம் கிணறுகளின் வாழ்வு அந்நன்னீர்ப் படையே. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 20 சதமமீற்றர் உயர்ந்துள்ளது. கடல் உயர்ந்து மழையும் பருவம் தவறுமாயின் அப்படை மெலியும். நாம் எரித்த நிலக்கரி மிகச் சிறிது. எனினும் பிறர் கழிக்கும் வீதத்திற்கு நம் கிணறுகளும் உட்பட்டனவே.

எனவே, இப்பொருள் பற்றி ஒருவர் உரைக்கக் கேட்கும்போது, அவர் எப்பக்கத்தவராயினும், மாணவர் மூன்று வினாக்களை வினவுதல் நன்று. எத்தகைய சான்று கிடைத்தால் தாங்கள் கருத்தை மாற்றிக்கொள்வீர்கள்? பிறர் கூற்றை மறுத்தபின் தாங்கள் நிறுவும் கொள்கை யாது? தாங்கள் கூறுவது பிழையாயின் அவ்விழப்பைச் சுமப்பவர் யார்? முதலிரண்டுக்கும் விடை கூறுபவரோடு அமர்ந்து வாதிடலாம். மூன்றாவதற்கு விடையிறுக்கத் தயங்குபவரிடத்து, அவர் எத்துணைக் கற்றவராயினும், விழிப்புடன் இருத்தல் வேண்டும்.