துருப்பிடித்த காருக்கு ஒரு புது உடம்பு: எம்.ஜி.பி.யின் கதை

ஒரு கார் கம்பெனி ஒரு மாடலை நிறுத்துகிறது. அதைத் தயாரித்த தொழிற்சாலையையும் இழுத்து மூடிவிடுகிறது. எட்டு வருடம் கழித்து அதே மாடலுக்குப் புத்தம்புதிய பாடி விற்பனைக்கு வருகிறது! இன்ஜின் கிடையாது, சக்கரம் கிடையாது, சீட் கிடையாது. வெறும் தகர உடம்பு மட்டும். இதை யார் வாங்குவார்கள்?

வாங்க ஆட்கள் இருந்தார்கள். துருப்பிடித்து உதிர்ந்துகொண்டிருந்த பழைய காரை வீட்டுக் கராஜில் வைத்துக்கொண்டு போராடியவர்கள்தான் அவர்கள். இது 1988-ல் இங்கிலாந்தில் நடந்தது. காரின் பெயர் எம்.ஜி.பி.

எம்.ஜி. என்பது மாரிஸ் கராஜஸ் என்பதன் சுருக்கம். ஆக்ஸ்ஃபோர்டில் வில்லியம் மாரிஸ் நடத்திய கார் விற்பனை நிலையத்தின் பெயர் அது. நம்மூர் அம்பாசடர் காருக்கு மூலமான மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டும் அதே மாரிஸ் கம்பெனியின் கார்தான். 1929-ல் எம்.ஜி. கம்பெனி ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் உள்ள அபிங்டன் என்ற சின்ன ஊருக்குக் குடிபோனது. அங்கிருந்து 1962-ல் வெளிவந்த ஸ்போர்ட்ஸ் கார்தான் எம்.ஜி.பி. இரண்டு பேர் உட்காரலாம், மேற்கூரையை மடக்கிவிடலாம், விலையும் நடுத்தர வர்க்கத்துக்கு எட்டுகிற விலை. 1980 வரை 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் தயாராயின. பெரும்பகுதி அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியது.

எங்கே பிடித்தது துரு?

இதற்கு முந்தைய மாடலான எம்.ஜி.ஏ.வில் அடியில் தனியாக ஒரு சேஸிஸ் இருக்கும், அதன் மேல் பாடியை உட்கார வைப்பார்கள். எம்.ஜி.பி.யில் சேஸிஸ் தனியாகக் கிடையாது. பாடியே சேஸிஸ். தகரத்தை மடக்கிப் பெட்டி பெட்டியாக ஒட்டி, அந்தப் பெட்டிகளே மொத்த பாரத்தையும் தாங்கும்படி செய்தார்கள். எடை குறைந்தது, உள்ளே இடம் கூடியது.

இங்கேதான் சிக்கல் ஆரம்பம். மேற்கூரை இல்லாத கார் என்பதால் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பிடித்து வைத்திருக்கும் வேலையில் பெரும்பங்கு கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டிப் பகுதிக்குத்தான். அதை சில் என்பார்கள். வெளித் தகடு, நடுத் தகடு, உள் தகடு, அடியில் ஒரு பட்டை என்று பல அடுக்குகள் சேர்ந்தது அது. வெளியிலிருந்து பார்த்தால் பெயிண்ட் அடித்த ஒரு சாதாரணப் பட்டிதான் தெரியும். காரின் முதுகெலும்பு அதுதான் என்று யாருக்கும் தோன்றாது.

குளிர்காலத்தில் இங்கிலாந்துச் சாலைகளில் பனி உறையாமல் இருக்க உப்பு தூவுவார்கள். இரும்பும் தண்ணீரும் ஆக்ஸிஜனும் சேர்ந்தாலே துரு வரும். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் அந்த வேதிவினை இன்னும் வேகமாக நடக்கும். எம்.ஜி.பி.யின் முன் சக்கரம் வாரி இறைக்கும் உப்புச் சேறு மட்கார்டுக்குப் பின்னால் போய் அடைந்துகொள்ளும். அங்கிருந்து ஈரம் சில்லுக்குள் இறங்கும். அந்தக் காலத்தில் பெட்டிக்குள் துருத் தடுப்பு என்று சொல்லிக்கொள்ளும்படி பெரிதாக எதுவும் செய்யவில்லை. வெளியே பெயிண்ட் பளபளக்க, உள்ளே தகரம் அரித்துக்கொண்டே போகும். வெளியில் ஒரு கொப்புளம் தெரியும் நேரத்தில் உள்ளே பாதி போயிருக்கும்.

கணக்குப் புத்தகத்தில் தேய்மானம் என்று ஒன்று உண்டு. வருடா வருடம் இவ்வளவு சதவீதம் என்று கழித்துக்கொண்டே வந்து கடைசியில் மதிப்பை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுவோம். பேப்பரில் நாம் போடும் அந்தக் கணக்கை எம்.ஜி.பி.யில் துரு நேரடியாகவே போட்டுக் காட்டியது!

ஒரு விழா, ஒரு பூட்டு

1979 செப்டம்பரில் அபிங்டன் ஊரே கொண்டாட்டத்தில் இருந்தது. எம்.ஜி. அங்கே வந்து 50 வருடம் ஆனதற்கான விழா. அது முடிந்த கையோடு, செப்டம்பர் 10-ம் தேதி திங்கட்கிழமை, தாய் நிறுவனமான பிரிட்டிஷ் லேலண்ட் ஆலையை மூடப்போவதாக அறிவித்தது. பவுண்டின் மதிப்பு ஏறிவிட்டது, அமெரிக்காவில் விற்கும் ஒவ்வொரு எம்.ஜி.யிலும் நஷ்டம் என்பது கம்பெனி சொன்ன காரணம். ஊழியர்களும் ரசிகர்களும் எவ்வளவோ எதிர்த்தும் 1980 அக்டோபரில் கடைசி எம்.ஜி.பி. வெளியே வந்தது. ஆலைக்குப் பூட்டு விழுந்தது.

கம்பெனியின் கணக்கில் கதை முடிந்தது. சாலையில் ஓடிக்கொண்டிருந்த லட்சக்கணக்கான கார்களின் கதி?

பிரிட்டனில் 1960 முதல் பழைய கார்களுக்கு வருடாந்திரச் சோதனை உண்டு. எம்.ஓ.டி. சோதனை என்பார்கள். முதலில் 10 வருடம் தாண்டிய கார்களுக்கு என்று இருந்தது, 1967-ல் 3 வருடம் தாண்டினாலே கட்டாயம் என்றாகிவிட்டது. பாரம் தாங்கும் பகுதி துருவால் பலவீனமாகியிருந்தால் அந்தக் கார் தேறாது. தேறாத காரைச் சாலையில் ஓட்ட முடியாது. இன்ஜின் நன்றாக ஓடும், கியர் பாக்ஸ் நன்றாக இருக்கும், ஆனால் சில் போய்விட்டது என்றால் வண்டி காயலான் கடைக்கு. டிங்கரிங் கூலி காரின் விலையைவிட அதிகம். எந்தக் கணக்குப்பிள்ளையைக் கேட்டாலும் "தூக்கிப் போடு" என்றுதான் சொல்வார்.

ஆனால் பலர் தூக்கிப் போடவில்லை. தாங்களே செய்வது என்று முடிவெடுத்தார்கள்.

இலங்கையில் பிறந்த ஒருவர்

இந்த "நாமே செய்வோம்" துணிச்சலுக்குப் பின்னால் ஒரு சுவாரசியமான மனிதர் இருக்கிறார். பெயர் ஜான் ஹேன்ஸ். 1938-ல் இலங்கையில் பிறந்தவர். அப்பா அங்கே தேயிலைத் தோட்ட மேலாளர். படிக்க இங்கிலாந்துக்கு வந்தவர், பள்ளி மாணவனாக இருக்கும்போதே ஒரு பழைய ஆஸ்டின் 7 காரைத் தானே மாற்றியமைத்து, அதை எப்படிச் செய்தேன் என்று ஒரு சிறு புத்தகமும் போட்டார்.

பிறகு விமானப்படையில் சேர்ந்து ஏடனில் வேலை. அங்கே நண்பர் ஒருவர் பழைய ஆஸ்டின்-ஹீலி ஸ்ப்ரைட் கார் ஒன்றை வாங்கிவிட்டு இவரிடம் உதவி கேட்டார். கம்பெனி கையேடு தேர்ந்த மெக்கானிக்குகளுக்காக எழுதப்பட்டது, சாதாரண ஆளுக்குப் புரியாது. ஹேன்ஸ் காரை அக்கு அக்காகப் பிரித்து, ஒவ்வொரு படியையும் போட்டோ எடுத்து எழுதி வைத்தார். 1966-ல் அதுவே முதல் ஹேன்ஸ் மேனுவலாக வந்தது. 3000 பிரதிகள் மூன்றே மாதத்தில் விற்றுத் தீர்ந்தன. அந்த ஸ்ப்ரைட் காரும் அபிங்டன் ஆலையில் தயாரானதுதான்!

ஹேன்ஸ் வரிசையில் எம்.ஜி.பி.க்கும் புத்தகம் வந்தது. 1973-ல் எம்.ஜி. ஓனர்ஸ் கிளப், 1980-ல் பிராக்டிகல் கிளாசிக்ஸ் பத்திரிகை என்று துணைக்கு ஆட்களும் சேர்ந்தார்கள். வீட்டு மின்சாரத்திலேயே ஓடும் சிறிய மிக் வெல்டிங் மெஷின்களும் சாதாரண ஆட்கள் வாங்கும் விலைக்கு வந்தன.

அந்த வேலை எப்படி நடக்கும்?

முதல் வேலை ஸ்க்ரூடிரைவரை வைத்துக் குத்திப் பார்ப்பது. பெரும்பாலும் மனசு உடையும் நாள் அதுதான். போன ஓனர் பட்டி பூசி மறைத்த இடங்கள் எல்லாம் பொலபொலவென்று கொட்டும். இன்னும் மோசமானது கவர் சில் என்ற ஏமாற்று வேலை. அழுகிய சில்லின் மேலேயே ஒரு புதுத் தகட்டை வைத்து ஒட்டிவிடுவார்கள். சோதனையில் தப்பித்துவிடும். உள்ளே துரு தன் வேலையை நிறுத்தாது.

அடுத்து பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும், பெட்ரோல் டேங்கை இறக்கி வெளியே வைக்க வேண்டும். வெல்டிங் பொறி பட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

பிறகு வருவதுதான் முக்கியமான கட்டம். சில்லை அறுத்தால் காரை நடுவில் பிடித்து வைக்க எதுவும் இல்லை. ஆகவே இரண்டு பக்கத்தையும் ஒரே சமயத்தில் அறுக்கக் கூடாது. கதவு இருந்த இடைவெளியில் குறுக்கே இரும்புக் குழாயைத் தற்காலிகமாக வெல்டு செய்து கட்ட வேண்டும். நடுவில் ஜாக்கி கொடுத்துத் தூக்கக் கூடாது. கதவைச் சுற்றியுள்ள இடைவெளியை முன்பே அளந்து எழுதி வைக்க வேண்டும். இதையெல்லாம் விட்டுவிட்டு அவசரப்பட்டவர்களின் கார் நடுவில் தொய்ந்தது, கதவு சாத்தவே முடியாமல் போனது. அதன் பிறகு எத்தனை பெயிண்ட் அடித்தாலும் பிரயோஜனம் இல்லை.

நல்ல இரும்பு தெரியும்வரை அறுத்து, அடுக்கடுக்காகப் புதுத் தகடு வைத்து வெல்டு செய்து, துருத் தடுப்பு பிரைமர் அடித்து, கடைசியில் பெட்டிக்குள் மெழுகைப் பீய்ச்ச வேண்டும். வார இறுதிகளில் மட்டும் செய்தால் மாதக்கணக்கில் ஓடும். சில கார்களுக்கு வருடக்கணக்கில்.

1988

கூட்டிப் பார்த்தால், சில் மட்டும் போயிருந்தால் பரவாயில்லை. தரை, மட்கார்டு, ஸ்பிரிங் மாட்டும் இடம், பேட்டரிப் பெட்டி என்று எல்லாமே போன கார்களை என்ன செய்வது?

பழைய மாடல்களின் பாரம்பரியத்தைக் காக்க பிரிட்டிஷ் லேலண்ட் 1975-ல் தொடங்கிய பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் என்ற நிறுவனம் இதற்கு விடை கண்டது. எம்.ஜி.பி.யின் தகடுகளை அழுத்திய பழைய டைகளைத் தேடிப் பிடித்து, அபிங்டனிலிருந்து அதிக தூரமில்லாத ஃபேரிங்டன் என்ற ஊரில் பாடிகளைத் திரும்பவும் தயாரிக்கத் தொடங்கியது. 1988-ல் விற்பனைக்கு வந்தது. துருப்பிடித்த காரிலிருந்து இன்ஜின், ஆக்சில், ஸ்டியரிங், சீட் எல்லாவற்றையும் கழற்றிப் புது உடம்பில் மாட்டிவிடலாம்.

வியாபாரக் கோணத்தில் இது ஒரு அருமையான பாடம். கம்பெனி "லாபமில்லை" என்று கைவிட்ட பொருளுக்கு, வாடிக்கையாளர்கள் தங்கள் பிடிவாதத்தாலேயே ஒரு புதுச் சந்தையை உண்டாக்கிவிட்டார்கள். அது அதோடு நிற்கவில்லை. 1992-ல் ரோவர் நிறுவனம் இதே பாடியை மாற்றியமைத்து, வி8 இன்ஜின் வைத்து எம்.ஜி. ஆர்.வி.8 என்ற காரையே அறிமுகப்படுத்தியது. சுமார் 2000 கார்கள் தயாராயின. பெரும்பகுதியை ஜப்பான்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள்.

அதே கார்தானா?

ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. உடம்பு முழுவதும் புதிது என்றால் அது பழைய கார்தானா?

பிரிட்டனின் வாகனப் பதிவு அலுவலகம் இதற்கு நெடுங்காலம் ஒரு புள்ளிக் கணக்கு வைத்திருந்தது. பாடிக்கு 5, ஆக்சிலுக்கு 2, ஸ்டியரிங்குக்கு 2, இன்ஜினுக்கு 1 என்று போகும். மொத்தம் 8 வந்தால் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். பாடி பழையதாகவோ, அதே வகையில் புத்தம்புதியதாகவோ இருக்கலாம். புதியது என்றால் ரசீது காட்ட வேண்டும். சட்டத்தின் பார்வையில் காரின் அடையாளம் ஒரு பில்லில் முடிந்துவிட்டது!

ஆனால் கராஜில் கை காய்த்தவர்கள் பலர் புது உடம்பை வாங்காமல் பழையதையே தகடு தகடாக ஒட்டினார்கள். செலவு ஒரு காரணம். தொழிற்சாலையில் அழுத்திய அந்த முதல் இரும்பில் கொஞ்சமாவது மிஞ்சட்டும் என்பது இன்னொரு காரணம். இரண்டு வழியில் எது சரி என்ற வாதம் இன்றும் முடியவில்லை.

2018 மே முதல், பெரிதாக மாற்றப்படாத 40 வயது தாண்டிய கார்களுக்கு எம்.ஓ.டி. சோதனை கட்டாயமில்லை. எம்.ஜி.பி.க்கள் எல்லாமே இப்போது அந்த வயதைத் தாண்டிவிட்டன. கார் ஓடத் தகுதியாக இருக்க வேண்டியது ஓனரின் பொறுப்பு என்பது மட்டும் மாறவில்லை. சில்லுக்குள் இருப்பது நல்ல இரும்பா, பட்டியா என்று பார்க்க யாரும் வரப்போவதில்லை. அது கராஜில் வெல்டிங் கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்த அந்த ஒருவருக்கு மட்டும்தான் தெரியும். இத்தனை வருடமாக இந்தக் கார்கள் ஓடிக்கொண்டிருப்பது, அப்படிக் குனிந்தவர்களில் நிறைய பேர் தங்களைத் தாங்களே ஏமாற்றிக்கொள்ளாததால்தான்.