கணக்கைச் சத்தமா வாசிக்கணும்

நான் பத்தாம் வகுப்பு வரைக்கும் படிச்சவள். வீட்டு வேலையும் பார்த்துக்கிட்டு குழுவிலும் இருக்கிறேன். மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒண்ணு எழுதுன்னு சொன்னாங்க. எதைப் பத்தி எழுதன்னு யோசிச்சப்போ நம்ம வரவு செலவு நோட்டுதான் ஞாபகம் வந்தது.

குழுக் கூட்டத்துல நாம என்ன செய்கிறோம்? சேமிப்பு எவ்வளவு, கடன் யாருக்கு, வட்டி எவ்வளவுன்னு ஊக்குநர் சத்தமா வாசிப்பாங்க. பத்து ரூபாய் இடிச்சாலும் "அது எங்கே?"ன்னு கேட்போம். யாரும் கோவிச்சுக்கிறது இல்லை. பிறகுதான் தீர்மான நோட்டில் கையெழுத்து. இந்தப் பழக்கத்துக்காக நம்ம நாட்டுல பெரிய போராட்டமே நடந்திருக்கு.

முதலில் பழைய கதை. காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கு. வயசு 1,100 வருஷம். குடவோலை போட்டு ஊர் வாரியத்துக்கு ஆள் எடுக்கிற விதிகள் அதில் இருக்கு. பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் நெருங்கின சொந்தக்காரனும் மறுபடி வரக் கூடாதுன்னு கல்லுலயே வெட்டி வச்சிருக்காங்க. ஆனா அந்தக் குடத்துக்குள்ளே ஒரு பொம்பளை பேரும் போகலை. நிலமும் படிப்பும் உள்ள ஆம்பளைகளுக்குத்தான் அந்த உரிமை. அரசியல் சட்டத் திருத்தம் வந்து, 1996 உள்ளாட்சித் தேர்தலில்தான் தமிழ்நாட்டுல மூணில் ஒரு பங்கு இடம் நமக்குக் கிடைச்சது. 2016-ல் அதைப் பாதியாக்கிச் சட்டம் போட்டாங்க.

இரண்டாவது கதை ராஜஸ்தானில் நடந்தது. அங்கே அரசு நிவாரண வேலைக்குப் போன ஏழைப் பெண்களுக்குச் சட்டப்படியான கூலி கிடைக்கலை. கேட்டா, "நீங்க வேலை முடிக்கலை, மஸ்டர் ரோலில் அப்படித்தான் இருக்கு"ன்னு பதில். மஸ்டர் ரோலைக் காட்டுங்கன்னா, அது ரகசியம்னு சொல்லிட்டாங்க. 1990-ல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்கிற அமைப்பு உண்டாச்சு. அதை ஆரம்பிச்சவங்களில் ஒருத்தர் அருணா ராய். சென்னையில் பிறந்தவங்க, கலெக்டர் படிப்பு படிச்சு ஐ.ஏ.எஸ். வேலையையே விட்டுட்டுப் போனவங்க. 1994 டிசம்பரில் கோட் கிரானா கிராமத்தில் ஊர்க்காரங்களைக் கூட்டி வச்சு வேலைக் கணக்கைச் சத்தமா வாசிச்சாங்க. வேலைக்கே போகாதவங்க பேரில் கூலி எழுதியிருந்தது ஊருக்கே தெரிஞ்சுபோச்சு.

1996 ஏப்ரலில் பியாவர் ஊரில் 40 நாள் தர்ணா. "நம்ம பணம், நம்ம கணக்கு" என்கிறதுதான் அவங்க கோஷம். ஜன்சத்தா பத்திரிகை ஆசிரியர் பிரபாஷ் ஜோஷி மாதிரி பெரிய பத்திரிகைக்காரங்க பக்கத்துல நின்னாங்க. கூலிக்காரப் பெண்கள் கேட்ட கேள்வி டெல்லி வரைக்கும் போனது அப்படித்தான். 1997-ல் இந்தியாவிலேயே முதலாவதா தமிழ்நாடு தகவல் உரிமைக்குச் சட்டம் போட்டது. 2005 அக்டோபர் 12 முதல் நாடு முழுக்க மத்திய சட்டம் நடைமுறைக்கு வந்தது. பத்து ரூபாய் கட்டணத்தில் மனுப் போட்டா 30 நாளுக்குள்ளே பதில் தரணும்.

இனி என் சொந்த அனுபவம். நான் பிறந்த ஊரில், எல்லாத் தெருவுக்கும் குடிதண்ணீர் வந்தாச்சுன்னு பேப்பரில் செய்தி வந்தது. எங்க அம்மா அன்னைக்கும் இடுப்புல குடத்தோட அடுத்த தெருவுக்குப் போய்க்கிட்டு இருந்தாங்க. எங்க மைனிக்கு வந்த கோபம் கொஞ்சம் இல்லை. நிருபரைப் பார்த்துக் கேட்டோம். அவர் பொறுமையா, "ஆபீஸில் கொடுத்ததைப் போட்டோம்கா. உங்க தெருவில் இருந்து ஒருத்தரும் எங்கிட்ட சொல்லலையே"ன்னார். எங்களுக்குச் சுருக்குன்னு இருந்தது. பைப்படியில் தினமும் பேசினோம், பேச வேண்டிய இடத்துல பேசலை.

அப்புறம் ஒரு வாரம், எந்த வீட்டுக்கு எத்தனை குடம், எத்தனை மணிக்குன்னு மைனி ஒரு நோட்டில் எழுதினாங்க. அதில் ஒரு நகல் ஆபீஸுக்கு, ஒண்ணு நிருபருக்கு. கிராம சபையில் அதை வாசிச்சு, தீர்மானத்தில் ஏத்தச் சொன்னோம். உடைஞ்ச குழாயை மாத்தினாங்க, கீழ்ப்பக்கம் தண்ணீர் வந்தது. மேட்டுப்பக்கம் இன்னும் ஒண்ணுவிட்டு ஒருநாள்தான். மைனி நோட்டை மூடலை.

ஊராட்சியில் இருக்கிற சகோதரிகளுக்கு ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆறு நாள் கிராம சபை இருக்கு. எங்க அச்சன்புதூர் பேரூராட்சி, கிராம சபை கிடையாது. கவுன்சிலர், பேரூராட்சி அலுவலகம், மனு இதெல்லாம் வழி. முன்னே கலெக்டரைப் பார்க்க திருநெல்வேலி போகணும். 2019 நவம்பர் 22-ல் தென்காசி மாவட்டம் ஆன பிறகு, திங்கள்கிழமை மனு கொடுத்துட்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரதுக்குள்ளே வீட்டுக்கு வந்துடலாம்.

செய்தி சொல்றதும் நமக்கு ஆகாத வேலை இல்லை. உத்தரப் பிரதேசம் சித்ரகூடில் 2002-ல் கிராமத்துப் பெண்களே கபர் லஹரியான்னு அவங்க பேச்சுமொழியில் பத்திரிகை ஆரம்பிச்சு, ஊர் ஊரா நடந்து செய்தி சேர்த்தாங்க.

சகோதரிகளே, நம்ம குழு நோட்டில் கடைசிப் பக்கத்தை ஊர்க் கணக்குக்குன்னு ஒதுக்குவோம். தண்ணீர், தெருவிளக்கு, ரேஷன் எதுவானாலும் தேதி போட்டு எழுதுவோம். அதிகாரி, நிருபர் ரெண்டு பேருக்கும் காட்டுவோம். வேலை நடந்தா நடந்ததுன்னும் எழுதுவோம், அதுதான் நியாயம். சேமிப்புக் கணக்கு வாசிக்கிற அதே குரலில் அந்தப் பக்கத்தையும் வாசிப்போம்.